ரோலர் பிடித்த பின்னல்

என் பின்னல் ரோலருக்குள் போனபோது முதலில் எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. என்ன பிடி! உடும்புப் பிடி. இதைத்தானே இத்தனை நாளாகத் தொண்டைத் தண்ணீர் வற்றக் கத்திக்கொண்டிருந்தேன்?

அடுத்த நொடி உச்சந்தலை சுரீரென்றது. “நிறுத்து, நிறுத்து!” என்று அலறினேன். லேப்டாப்பில் ரோபோவை இயக்கிக்கொண்டிருந்த கண்ணாடிக்காரி பதறிப்போய் மோட்டாரை நிறுத்தினாள். அதற்குள் முக்கால் பின்னல் சுற்றிக்கொண்டது. என் கன்னம் ரோபோவின் பக்கத் தகட்டில் அழுந்திக் கிடந்தது. ரோலரைக் கழற்றலாம் என்றால் திருகுகள் என் கன்னத்துக்கு அடியில்.

போட்டியில் எங்கள் ரோபோவுக்கு வேலை ஒன்றுதான். தரையில் கிடக்கும் பந்துகளை ரோலரால் உள்ளே இழுத்து, பெட்டிக்குப் பக்கத்தில் போய்த் துப்ப வேண்டும். அந்த ரோலருக்கு என்ன உறை போடுவது என்பதில் அணியே இரண்டுபட்டுக் கிடந்தது. நான் சிலிக்கான் கட்சி. நெட்டை என்று நாங்கள் கூப்பிடும் பையன் ஸ்பாஞ்ச் கட்சி. ஸ்பாஞ்ச் மெத்தென்று இருக்கும். கொஞ்சம் தூசி ஏறினால் வழுக்கும். சிலிக்கான் ரப்பர் மாதிரி, பிடித்தால் விடாது. “துப்பச் சொன்னாலும் விடாதே” என்பான் நெட்டை. அதில் கொஞ்சம் உண்மை இருந்தது, அதனால்தான் எனக்கு அவ்வளவு கோபம் வரும்.

அணித் தலைவன் என் சொந்த அண்ணன். அவன் எனக்காக ஒருமுறைகூடக் கை தூக்கியதில்லை. தங்கைக்குச் சலுகை காட்டுகிறான் என்று யாரும் ஒரு சொல் சொல்லிவிடக் கூடாதாம். நான் சொன்னால் காதில் வாங்க மாட்டான். அதையே வேறு யாராவது சொன்னால் ‘அட, நல்ல யோசனை’ என்பான். அன்று காலை பயிற்சிக் களத்தில் ஸ்பாஞ்ச் பந்துகளைத் தள்ளிக்கொண்டே போக, சிலிக்கான் மளமளவென்று அள்ளியது. வேறு வழியில்லாமல், “சரி, இதையே மாட்டு” என்றான். எனக்கு அழுகையே வந்துவிட்டது. என் ரோலர் களத்தில் ஓட வேண்டும். பரிசுகூட அப்புறம்தான்.

பந்து நேராக நுழைகிறதா என்று கடைசியாக ஒருமுறை குனிந்து பார்த்தேன். கொண்டை போட்டுக்கொள் என்று அண்ணன் சொன்னது நினைவில் இல்லை. வசமாக மாட்டிக்கொண்டேன்.

“பின்பக்கமா சுத்திப் பாக்கட்டுமா?” என்றாள் கண்ணாடிக்காரி. மெல்லச் சுற்றினாள். விடுவதற்குப் பதில் அந்தப் பக்கமாக இன்னும் கொஞ்சம் இழுத்துக்கொண்டது.

“துப்பாதுன்னு சொன்னேனா இல்லையா?” என்றான் நெட்டை.

“இப்ப அதுதான் ரொம்ப முக்கியம்!”

“எண்ணெய் விட்டா வந்துடும்.”

“விட்டுப் பாரு, கைய ஒடிச்சிடுவேன். அப்புறம் பந்து வழுக்கும்டா. கழுவிக் காய வைக்க நேரம் இருக்கா?”

தலை மாட்டியிருக்கும்போதும் ரோலருக்கு வக்காலத்து வாங்கிய ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன்.

ஒலிபெருக்கி எங்கள் அணியை ஆட்டத்துக்கு முந்தைய ரோபோ சோதனைக்குக் கூப்பிட்டது. அங்கே எந்த உறையைக் காட்டுகிறோமோ அதோடுதான் விளையாட வேண்டும். அங்கே போய்ச் சேராவிட்டால் ஆட்டமே கிடையாது. அழுந்திய கன்னத்தோடு எனக்குத் தெரிந்ததெல்லாம் தரையும் செருப்புகளும்தான். அண்ணனின் செருப்பு கிட்டே வந்து நின்றது. கட்டர் கத்தியைத் தள்ளும் டிக் டிக் சத்தம் காதருகே கேட்டது.

“முடிய வெட்டு” என்றேன். சிலிக்கான் உறை இருந்தது அது ஒன்றுதான். முடி வளரும். “அண்ணா, காதுல விழுதா? முடிய வெட்டு!”

“அவளே சொல்றாளேப்பா” என்றான் நெட்டை. ஆமாம், எனக்காகப் பேசியது அவன்தான்.

சர்ரென்று ஒரு சத்தம். தலையில் இழுப்பு தளர்ந்தது. முடிக்கு அடியில் சிலிக்கான் நீளவாக்கில் கிழிந்து விரிய, அண்ணன் ஒவ்வொரு சுற்றாக உரித்து என் பின்னலை வெளியே எடுத்தான். ஒரு முடிகூட அறுபடவில்லை.

நிமிர்ந்தேன். கழுத்து விண்ணென்று வலித்தது. நன்றி சொல்லியிருக்க வேண்டும். அவனை அடிக்கத்தான் கை வந்தது.

“வேற யாரு முடியா இருந்தாலும் உறையத்தான் வெட்டியிருப்பியா?”

கிழிந்த சிலிக்கானைச் சுருட்டிக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னான். “இல்ல. முடியத்தான் வெட்டியிருப்பேன்.”

“அப்புறம் ஏன்?”

“நீ என் தங்கச்சி.”

நியாயம் என் பக்கம் இருந்தபோதெல்லாம் தள்ளி நின்றவன், நான் வேண்டாம் என்று கத்தியபோது வந்து நின்றான்.

நெட்டை ஸ்பாஞ்ச் உறையை நீட்டினான். அவன் முகம் ஜெயித்தவன் முகமாகவே இல்லை. ஒலிபெருக்கி மறுபடி கூப்பிட்டது. கொண்டை போட்டுக்கொண்டு, ஸ்பாஞ்சை மாட்ட உட்கார்ந்தேன். அந்த ரோலர் இடுக்கில் என் விரல்தான் நுழையும்.