தபால்தலையில் மூன்று விரல்

உப்பளத்தில் சூரியன் இரண்டு. ஒன்று மேலே. ஒன்று பாத்தித் தண்ணீரில்.

மேலே இருப்பதை நாங்கள் பார்ப்பதில்லை. கீழே இருப்பதைப் பார்க்காமல் இருக்க முடிவதில்லை. குனிந்தே கிடக்கிற பிழைப்பு.

எது அதிகம் சுடும் என்று கேட்டால், கீழே இருப்பதுதான் என்பேன். அது முகத்துக்கு நேராகச் சுடும்.

தங்கபுஷ்பமும் நானும் ஒரு சோடி. நிறைந்த உப்புக் கூடையைத் தனியாளாய்த் தலையில் ஏற்ற முடியாது. அவளுக்கு நான் ஏற்றிவிடுவேன். அவள் அம்பாரத்தில் கொட்டிவிட்டுத் திரும்பியதும் எனக்கு அவள்.

ஒருத்தி நடக்கும்போது ஒருத்தி நிற்பாள். ஒருத்தி நிற்கும்போது ஒருத்தி நடப்பாள். வெள்ளை. வெள்ளை. கண்ணுக்கு எட்டியவரை வெள்ளை.

ஏற்றிவிட்டதும் அவள் தோளில் ஒரு தட்டு தட்டுவேன். போ என்று அர்த்தம். அந்தத் தட்டு விழாமல் அவள் கால் எடுத்து வைக்கமாட்டாள். அது எப்படி வந்த பழக்கம், தெரியாது. உப்பு மாதிரி, தானாகப் பூத்தது.

மாசி வெயில் ஏறத் தொடங்கியபோது அந்தத் தாள் வந்தது.

அவள் மகள் ரூபவதி மதுரையில் வேலை பார்க்கிறாள். சொந்தப் படத்தைக் கொடுத்தால் தபால்தலையாக அடித்துத் தருவார்களாம், தபாலாபீசில். அம்மாவின் படத்தைக் கொடுத்திருக்கிறாள்.

தாள் முழுக்கத் தங்கபுஷ்பம். வரிசை வரிசையாகத் தங்கபுஷ்பம். தலையில் கூடை, கூடைக்குக் கீழே சும்மாடு, சும்மாட்டுக்குக் கீழே சிரிப்பு.

கஞ்சி குடிக்கிற நேரம். எல்லோரும் கூடிவிட்டார்கள். “ஏட்டி, இனிமே ஒன்னைய நக்கித்தான் ஒட்டணும்” என்றாள் செல்லக்கிளி. கொட்டகையே சிரித்தது.

நானும் சிரித்தேன். வாய் மட்டும் சிரித்தது.

தாள் என் கைக்கு வந்தது. பார்த்தேன். அவள் தோளில் மூன்று விரல்.

சுட்டுவிரலில் கறுப்பு வளையம். உப்புத் தண்ணீர் விரலை அரிக்காமல் இருக்க சைக்கிள் டியூபை வெட்டி மாட்டிக்கொள்கிறவள் இந்த அளத்தில் நான் ஒருத்திதான்.

ரூபவதி பொங்கலுக்கு வந்திருந்தாள். கூடையை ஏற்றிவிட்டு நான் தட்டிய நொடி. அவள் கைபேசியை நீட்டினாள். நானும் சிரித்தேன். நான்தான் அதிகம் சிரித்தேன். படத்தில் நான் இருந்தேன்.

நான் நின்ற இடத்தில் இப்போது ஒரு பூ.

சர்க்காரின் பூ. சிவப்பாய், மணக்காமல். மூலையில் ஏதோ எண். பூவுக்கும் அவளுக்கும் நடுவே வரிசையாக ஓட்டை. அந்தப் பக்கம் அவள். இந்தப் பக்கம் நான் இல்லை.

தலைவர்கள் இருக்கிற இடம் தபால்தலை. பெரிய பெரிய கோயில்கள் இருக்கிற இடம். அங்கே போய் இவள் நிற்கிறாள், என் விரலையும் சேர்த்துக்கொண்டு.

என் பிள்ளைகள் எல்லாம் கல்யாணமாகிப் போன பிறகு சங்கக் கட்டடத்தில் சாயங்கால வகுப்பு நடந்தது. அவளும் வந்தாள். தூக்கம் வருகிறது என்று போய்விட்டாள். நான் இருந்தேன்.

வெடித்த விரலால் ‘அ’ போட்டேன். சுழி சுழியாக எரிந்தது. இருந்தேன். என் பெயரை எழுதினேன். பஸ்ஸின் பெயரைப் படித்தேன். செத்தவர்களின் சுவரொட்டியைப் படித்தேன்.

எழுத்து எனக்கு வந்தது. தபால்தலை அவளுக்கு வந்தது. எழுதப்படிக்கத் தெரியாதவளுக்கு.

அதோடு விட்டாளா? சாயங்காலம் வீட்டுக்கு வந்துவிட்டாள். ஒரு தபால்தலையைக் கிழித்து என் கையில் வைத்தாள், பூவோடு.

“எம் மவளுக்கு ஒரு கடுதாசி எழுதிக் குடுட்டி. அம்ம மொகத்த ஒட்டி அம்மயே போட்டான்னு சந்தோசப்படுவா.”

“வெரலு புண்ணாக் கெடக்கு” என்றேன்.

“ஆறட்டும். ஆறுனப்பொறவு எழுதலாம்.” தபால்தலையை என்னிடமே விட்டுவிட்டுப் போனாள்.

விரல் ஆறியிருந்தது. ஆறாதது வேறு.

தபாலாபீசில் தபால்தலையின் மேல் கறுப்பு முத்திரை குத்துவார்கள். ஓங்கிக் குத்துவார்கள். தலைவர்கள் முகத்திலும் குத்துவார்கள். எனக்குத் தெரியும், பார்த்திருக்கிறேன்.

அதை நினைத்தபோது நெஞ்சுக்குள் ஒரு குளிர்ச்சி. மழை வருவதற்கு முன்னால் அளத்தில் அடிக்குமே ஒரு காற்று, அந்தக் குளிர்ச்சி.

ஒரு காலி உறை எடுத்தேன். என் பெயரை எழுதினேன். மாடத்தி. என் தெருவை எழுதினேன். உள்ளே வைக்க ஒன்றுமில்லை. எனக்கு வேண்டியது வெளியேதான்.

பூவைக் கிழித்தேன். ஓட்டை வழியாக நேராகக் கிழிந்தது. என் இடத்தில் நிற்கிறாயா நீ? அடுப்பில் போட்டேன். அவள் முகத்தை மட்டும் நக்கி ஒட்டினேன்.

நாக்கெல்லாம் உப்பு.

உறையைத் தபால்பெட்டியில் போட்டேன். அதன் பிறகு கூடையை ஏற்றிவிட்டேன். தட்டவில்லை. அவள் நின்றாள். சுமையோடு நின்றாள். திரும்பிப் பார்க்க முடியாது, தலையில் கூடை. கொஞ்சம் நின்று பார்த்துவிட்டுப் போனாள்.

மறுநாளும் நின்றாள். மறுநாளும் போனாள். ஏன் என்று கேட்கவில்லை. அவள் கேட்டிருந்தால் சண்டை போட்டிருப்பேன். அதற்கும் வழி வைக்கவில்லை.

வரப்பில் ஒரு சைக்கிள் வந்தது. தபால்காரர். பூட்டிய வீட்டில் போடாமல் அளத்துக்கே வந்துவிட்டார்.

“மாடத்தியக்கா, இது செல்லாது. ஸ்டாம்பே ஒட்டல. அவராதம் கட்டித்தான் வாங்கணும்.”

“கண்ணு தெரியலயா? ஒட்டியிருக்குல்லா?”

“யக்கா, இது வெறும் படம். பக்கத்துல ஒரு பூ இருந்திருக்குமே, அதுதான் ஸ்டாம்பு. காசு அதுலதான் போட்டிருக்கும். அது இல்லாம இந்த மொகம் தெருவ தாண்டாது.”

உறையைப் பார்த்தேன். மேல் மூலையில் அபராத முத்திரை, கறுப்பாக, காலி இடத்தில். முகத்தின் மேல் ஒரு பொட்டு மை இல்லை. அதே சிரிப்பு. முத்திரைகூட அவளைத் தொடமாட்டேன் என்றுவிட்டது.

தங்கபுஷ்பம் பின்னால் நின்றிருந்தாள். கூடையைக் கவிழ்த்துவிட்டு வந்திருக்கிறாள். எட்டிப் பார்த்தாள். தன் முகத்தைப் பார்த்தாள். என் முகத்தைப் பார்த்தாள்.

ஓர் அடி பின்னால் வைத்தேன், கால் பாத்திக்குள் இறங்கியது.

சுருக்குப்பையை அவிழ்த்தாள். “எம் மொகத்த நானே மீட்டுக்கிடுதேன்” என்று தபால்காரரிடம் சில்லறையைக் கொடுத்தாள். உறையைப் பிரித்தாள். உதறினாள். காற்றுதான் விழுந்தது.

“ஒனக்கு நீயே காலிக் கவரு போட்டியாக்கும். எதுக்குட்டி?”

“ஒம் மூஞ்சில முத்திர குத்துவானான்னு பாத்தேன்.”

சொல்லிவிட்டேன். வாயிலிருந்து வந்துவிட்டது.

அவள் உறையை இன்னொரு முறை பார்த்தாள். பிறகு இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரிப்பு நின்ற பிறகு கண்ணைத் துடைத்தாள். உப்பளத்தில் கண்ணைத் துடைத்தால் எதற்கு என்று யாருக்கும் தெரியாது.

“இந்த வெரலயும் வெட்டிப் பாத்தாளாம் எம் மவ. தோள வெட்டாம வெரல வெட்ட முடியலயாம். யாரு வெரலுன்னு கேட்டா என்ன சொல்லட்டும்? பொறாம புடிச்சவ வெரலுன்னு சொல்லட்டா?”

“சொல்லு. வெரலு வெரலுதான், மூஞ்சி ஆயிருமா?”

“ஆவாது” என்றாள். சமாதானம் சொல்லவில்லை. அது பிடித்திருந்தது.

அன்று சாயங்காலம் இன்னொரு தபால்தலையைக் கொண்டுவந்தாள், பூவோடு. முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். நான் எழுதினேன்.

நல்லா இருக்கேன்னு எழுது. முட்டி வலிக்குன்னு எழுதாத. மாடத்தி நல்லா இருக்கான்னு எழுது. இந்த வருசம் உப்பு நல்ல வெள்ளன்னு எழுது. எழுதினேன். அவள் சொல்லாததையும் ஒரு வரி எழுதினேன். அடுத்த முறை வெட்டாமல் எடு.

பூவைத் தொட்டுப் பார்த்தேன். மணக்கவில்லை. இருந்தாலும் மதுரைவரை அதுதான் சுமக்கும். நக்கினேன். ஒட்டினேன். ஓட்டை கிழியாமல் ஒட்டினேன்.

எரிச்சல் போய்விட்டதா என்றால், இல்லை. தாளில் மிச்சம் இருக்கிற முகமெல்லாம் அவளுடையது. இன்று காலையில்கூட எரிந்தது.

உப்பளத்தில் சூரியன் இரண்டு. ஒன்று மேலே. ஒன்று பாத்தித் தண்ணீரில். நடுவில் நாங்கள்.

கூடை நிறைந்தது. ஏற்றிவிட்டேன். அவள் நின்றாள். போகவில்லை. வெயிலில், சுமையோடு, நேரே பார்த்தபடி நின்றாள்.

தட்டினேன். கொஞ்சம் பலமாகவே தட்டினேன்.

போனாள். சேலைக்கு மேலே போட்டிருக்கிற ஆண்சட்டை, நீலம். தோளில் என் கை ஈரம். வரப்பில் அவள் தூரம் போகப் போக வெயில் அதைக் காயவைத்தது.

மூன்று விரல். வெள்ளையாக.