ஆறாவது அயிரை

பழைய சாரத் துண்டொன்றைக் கையில் சுற்றி, முழங்கை வரைக்கும் மீன் தொட்டிக்குள் விட்டு, சிவனேஸ்வரி சுங்கான் மீனை மூலையில் அமுக்கிப் பிடித்தபோது, கட்டிலில் கிடந்த புருசன் முத்துலிங்கம் செட்டையில் முள் இருக்கிறது, கவனம் என்றார். மூன்றாவது தடவையாகச் சொன்னார். குத்து வாங்கப்போவது தன்னுடைய கை என்பதால் அவளுக்கு அது முதல் தடவையே விளங்கியிருந்தது. கறுத்த மீன் துணிக்குள் நெளிந்தது. அதைத் தூக்கி வாளிக்குள் போட்டு, மேலே சுளகைக் கவிழ்த்து, அதற்கு மேல் அம்மிக்குழவியையும் வைத்தாள்.

இரண்டே இரவில் அந்தச் சுங்கான் பதினொரு கப்பி மீன்களை விழுங்கியிருந்தது. அதை வாங்கி விடச் சொன்னவரும் அவர்தான். வாய் அகலமான மீனை அடியில் விடாதே, மற்ற மீன் அதன் வாய்க்குள் போகுமென்றால் ஒருநாள் போகும் என்று அவருடைய ஆங்கிலப் புத்தகத்தில் எழுதியிருந்தது. அட்டை இல்லாத அந்தப் புத்தகத்தை அகராதியும் கையுமாக ஆறு வருடம் படித்தவர், வருத்தம் வந்து படுத்த பிறகு அவசரப்பட்டுவிட்டார்.

அவசரத்துக்குக் காரணம் கட்டில். மூன்று கிழமைக்கு முன் ஆஸ்பத்திரியில், ஈரல் கெட்டுவிட்டது, இனி வீட்டில் வைத்துப் பாருங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். தொட்டிக்குப் பக்கத்தில் பதிவான கட்டிலொன்றைப் போட்டு அதில் கிடத்தினார்கள். அதுவரை கதிரையில் இருந்து பார்த்தவருக்கு இப்போது கண் மட்டத்தில் தெரிந்தது தொட்டியின் அடிப்பாகம் மட்டும்தான். அங்கே மண்ணையும் இரண்டொரு கல்லையும் நீர்ப்பூண்டின் அடியையும் தவிர ஒன்றுமில்லை.

"மேலை கப்பி, நடுவிலை கெண்டை. எல்லாம் எனக்கு மேலாலை போகுதுகள்" என்றார் அவர். "நான் மண்ணைப் பாத்துக்கொண்டு கிடக்கிறன். அடியிலை ஏதேன் வேணும், சிவனேசு."

கிளிநொச்சியில் சண்டையால் மின்சாரம் நின்று நாலு வருடம் ஆகியிருந்தது. அந்த நாலு வருடமும் ஆறடி நீளத்தில் ஒரு கண்ணாடித் தொட்டியை உயிரோடு வைத்திருந்த மனிதர் ஊரில் இவர் ஒருவராகத்தான் இருந்திருப்பார். படங்களுக்குச் சட்டம் போடுவது அவருடைய தொழில். சுவாமிப் படம், கலியாணப் படம் என்று தொடங்கி, பிறகு பிறகு இளம் பிள்ளைகளின் படங்களே கூடுதலாக வந்தன. மூடப்பட்ட புடைவைக் கடையொன்றின் கண்ணாடிகளை வாங்கி இந்தத் தொட்டியைச் செய்தார். படம் கொண்டு வருகிற தாய்மார் கொஞ்ச நேரம் எதையாவது பார்த்துக்கொண்டு இருக்கட்டும் என்றார். மலேரியாக்காரர் கிணறுகளில் விட்ட கப்பி மீன்கள் இலவசமாகவே கிடைத்தன. காற்றுக்குத்தான் அவர் தலையை உடைத்தார். கடைசியில் உழவு இயந்திரத்தின் பழைய ரியூப் ஒன்றில் காற்றடித்து, அதன் வாயில் சேலைன் குழாயை மாட்டி, மருந்தை மட்டுப்படுத்துகிற சின்னச் சில்லைக் கொண்டு குமிழிகளை மட்டுப்படுத்தினார். ரியூபுக்குக் காலையும் மாலையும் சைக்கிள் பம்பால் காற்றடிக்கும் உத்தியோகம் சிவனேஸ்வரிக்குக் கிடைத்தது. வீட்டுக்கு வந்து பார்த்த டொக்டர், நோயாளியைத் தொடுவதற்கு முன் அந்தக் குழாயைத்தான் தொட்டுப் பார்த்தார். இதைத்தான் ஆஸ்பத்திரியில் தேடித் திரிகிறோம் என்று சிரித்தார். போகும்போது படலையடியில் அவளைக் கூப்பிட்டு, இன்றைக்கோ நாளைக்கோ என்று சொன்னபோது சிரிக்கவில்லை.

அது நேற்று. ஆகவே சுங்கானைப் பிடித்து வாளியில் போட்ட இந்தக் காலைநேரத்தில் சிவனேஸ்வரிக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்றுதான். அவர் கண்ணை மூடுவதற்குள் அந்த வெறும் மண்ணில் ஏதாவது அசைய வேண்டும்.

சுங்கானுக்குப் பதிலாக எதை விடுவது என்பதில்தான் அவருக்கும் அவளுடைய தம்பி ஐயாத்துரைக்கும் இரண்டு நாளாக வழக்கு. ஐயாத்துரை விரால் குஞ்சு என்றான். சிவப்பாக வடிவாக இருக்கும், ஆனால் மூன்று மாதத்தில் தொட்டியில் அது மட்டும்தான் இருக்கும் என்றார் முத்துலிங்கம். மூன்று மாதக் கணக்கை அவர் சொன்னபோது ஐயாத்துரை சுவரைப் பார்த்தான். ஆரல் முன்னொரு தடவை விட்டுப் பார்த்ததுதான். இரவோடிரவாக வெளியேறி, குசினி வாசலில் கருவாடாகக் கிடந்தது. உழுவை ஒரு கல்லடியில் குந்தியிருந்து கிட்ட வருகிறதைக் கவ்வும். மிஞ்சியது அயிரை. சின்ன வாய், சின்ன மீசை, மேலே இருக்கிறதுகள் தவறவிட்டதைப் பொறுக்கித் தின்னும், பூண்டைக் கிளறாது, ஒருவரோடும் கொழுவாது. தனியே விட்டால் மட்டும் வாடிப்போகும், குறைந்தது ஆறு வேண்டும் என்று புத்தகம் சொன்னது. புத்தகம் சொன்னது எங்கோ பிறதேசத்து ஆற்று மீனைப் பற்றி. அயிரைக்கும் அதுவே சட்டம் என்று முத்துலிங்கம் தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

ஐயாத்துரை விடியவே சைக்கிளை எடுத்துக்கொண்டு அக்கராயன் குளத்து வாய்க்காலுக்குப் போனவன், பதினொரு மணிபோல் பால்மா ரின்னோடு வந்து இறங்கினான். இடுப்பு வரைக்கும் சேறு. ஆறு அயிரைகளையும் அத்தானின் கண்ணுக்கு நேரே மெல்லச் சரித்துவிட்டான். விரல் நீளத்தில் ஆறு கோடுகள் கீழே இறங்கின. இறங்கிய வேகத்திலேயே மண்ணுக்குள் புகுந்தன. பிறகு மண் மட்டும்தான் இருந்தது.

"அத்தான், ஆறும் மண்ணுக்குள்ளை போட்டுது" என்றான் ஐயாத்துரை, அழாக்குறையாக.

பழகட்டும் என்றார் முத்துலிங்கம். நல்ல மீன் என்றால் முதலில் ஒளிக்கத்தான் வேண்டும், பெண் பார்க்கப் போனபோது உன்ரை அக்காவும் அப்படித்தான் குசினிக்குள் நின்றவா என்றார். அவருக்கு மூச்சு வாங்கியது. ஆனாலும் சொல்லி முடித்தார்.

மத்தியானம் வரைக்கும் ஒன்றும் வரவில்லை. ஐயாத்துரை குளிக்கப் போய்விட்டான். முத்துலிங்கத்தின் கதை இடையிடையே வேறு பக்கம் போய் வந்தது. செத்துப் பதினைந்து வருடமான தன் தகப்பன் வந்து கதிரையில் இருந்து குடை கேட்கிறார் என்றார். குடையை அப்போதே கொடுத்து அனுப்பிவிட்டேன் என்று சிவனேஸ்வரி சொன்னாள். அவருக்கு அது திருப்தியாக இருந்தது.

நாலு மணிபோல் மழை இருட்டிக்கொண்டு வந்தது. யன்னலைச் சாத்தச் சொன்னார். வெளிச்சம் கண்ணைக் குத்துகிறதாக்கும் என்று சாத்திவிட்டு அவள் கஞ்சி காய்ச்சப் போனாள். திரும்பி வந்தபோது அவர் முகம் வேறு மாதிரி இருந்தது.

"வந்திட்டுதுகள்" என்றார்.

அவள் கதிரையில் இருந்து பார்த்தாள். வாசல் வெளிச்சம் கண்ணாடியில் விழுந்திருந்தது. அதற்குக் கீழே மண்.

"ஆறும் வந்ததுகள். கடைசியா வந்ததுக்கு வால் பாதி இல்லை."

குடைக்குச் சொன்ன மாதிரியே இதற்கும் சொன்னாள்: "ஓம், வடிவா இருக்குதுகள்."

முத்துலிங்கம் கழுத்தைத் திருப்பி அவளைப் பார்த்தார். முப்பத்தொரு வருடம் ஒன்றாகச் சாப்பிட்ட மனிதர். "நீர் காணேல்லை" என்றார்.

"கண்டனான்."

"குனிஞ்சு பாரும் எண்டால்."

"முழங்கால் விடாது. பிறகு பாக்கிறன், முதல் இதைக் குடியுங்கோ."

அவர் சிரித்துக்கொண்டு வாயைத் திறந்தார். இரண்டாவது கரண்டி உள்ளே போகவில்லை. கரண்டி கையில் இருந்தபடியே இருக்க, வெளியே மழை தொடங்கியது.

*

முத்துலிங்கத்தின் படத்தைத் தேட வேண்டியிருக்கவில்லை. மூன்று வருடத்துக்கு முன்பே தன் படத்துக்குத் தானே தேக்கஞ்சட்டம் போட்டு அலுமாரிக்குப் பின்னால் வைத்திருந்தார். வேறு ஆள் போட்டால் கோணல் என்பது அவருடைய கட்சி. ஐயாத்துரை அதைத் துடைத்துக் கொண்டுவந்தபோது அழுகைக்கு நடுவே இரண்டு மூன்று பேர் சிரித்துவிட்டார்கள்.

மறுநாள் காலை வந்த சிக்கல் தொட்டிதான். தலை தெற்கே வைக்க வேண்டும், தெற்குச் சுவரோடு தொட்டி நிற்கிறது. கொள்ளி வைக்க வந்த பெறாமகன் செல்வராசா, நாலு பேர் பிடித்தால் தொட்டியை முற்றத்துக்குக் கொண்டுபோகலாம் என்று சட்டையைக் கழற்றினான். எட்டுப் பேர் பிடித்தும் அது அசையவில்லை. தண்ணீரை இறைத்துவிடலாம் என்று ஒருவர் சொன்னபோது சிவனேஸ்வரி அன்று முதல் தடவையாக வாய் திறந்தாள்.

"தொட்டியிலை ஒருத்தரும் கை வைக்க வேண்டாம்."

ஆகவே தலைமாடு தொட்டியோடு ஒட்டி வந்தது. பக்கத்து வீட்டு அழகம்மாவுக்கு அதுவும் சரிவரவில்லை. செத்தவீட்டில் மீன் துள்ளி விளையாடுவது அழகா என்று கேட்டு, வெள்ளை வேட்டியொன்றைக் கொண்டுவந்து தொட்டியை நாலு பக்கமும் மூடிவிட்டாள். சிவனேஸ்வரி மறுக்கவில்லை. அவளுக்குத் தொட்டியைப் பார்க்கவே மனமில்லாமல் இருந்தது. முப்பத்தொரு வருடத்தில் அவருக்குக் கொடுத்த கடைசி மறுமொழி பொய்யாகப் போய்விட்டது, அதுவும் மீனைப் பற்றி. ஒரு தரம் குனிந்திருக்கலாம். இல்லாவிட்டால் இல்லையென்று சொல்லியிருக்கலாம். தெரிந்துகொண்டுதான் சிரித்தார் என்பது இன்னும் உறைத்தது.

தலைமாட்டில் குத்துவிளக்குக்குப் பக்கத்தில், நிலத்தில், கட்டில் காலோடு தலையைச் சாய்த்துக்கொண்டு இருந்தாள். பெண்கள் சுற்றியிருந்தார்கள். ஒரு கிழவர் தேவாரம் படித்தார். மூன்றாவது தேவாரத்தில் அவளுக்கு என்னவோ குறைகிற மாதிரி இருந்தது. கொஞ்சம் யோசித்த பிறகுதான் தெரிந்தது, குமிழிச் சத்தம் இல்லை. நேற்று மாலை ரியூபுக்குக் காற்றடிக்க ஒருவருக்கும் நினைவு வரவில்லை. கப்பி எல்லாம் மிதக்கிறதோ என்று பயந்து, வேட்டியின் கரையைப் பிடித்து இரண்டு விரல் உயர்த்தினாள்.

துணிக்குள் அந்திநேரம்போல் மங்கலாக இருந்தது. அவளுடைய கண்ணுக்கு நேரே, மண்ணுக்கு மேலே, ஓர் அயிரை நின்றது. மீசையால் மண்ணைத் தடவித் தடவி அது நகர்ந்தது. அதற்குப் பின்னால் இன்னொன்று. பூண்டின் அடியில் இரண்டு. கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டு ஒன்று. சிவனேஸ்வரி மூச்சுவிடாமல் எண்ணினாள், ஐந்து. கொஞ்சம் பொறுத்தாள். கல்லுக்குப் பின்னாலிருந்து ஆறாவது வந்தது. மற்றவை ஒரு சுழற்றில் போகிற தூரத்துக்கு அது நாலு சுழற்றுச் சுழற்ற வேண்டியிருந்தது. வால் பாதி இல்லை.

அவளுக்குச் சிரிப்பு வந்தது. செத்தவீட்டில் தலைமாட்டில் இருந்துகொண்டு சிரிக்க முடியுமா? சேலைத் தலைப்பை வாயில் அடைத்தாள். தோள் குலுங்கியது. அதைப் பார்த்த அழகம்மா, இவ்வளவு நேரமும் அழாமல் கல்லாட்டம் இருந்த மனுசி இப்போதுதான் உடைகிறாள் என்று பாய்ந்து கட்டிப்பிடித்தாள். மற்றப் பெண்களும் பிடித்துக்கொண்டார்கள். ஒப்பாரி கூரைக்கு ஏறியது. அந்தப் பிடிக்குள் சிவனேஸ்வரி சிரித்துச் சிரித்து, எந்த இடத்தில் அது அழுகையானது என்று அவளுக்கே தெரியாமல், விக்கி விக்கி அழுதாள். நன்றாக அழுதாள்.

பிடி தளர்ந்ததும் அவருடைய நெற்றித் திருநீற்றைச் சரிசெய்கிறவள்போல் குனிந்தாள். முழங்கால் நொந்தது.

"கண்டனான்" என்று காதுக்குள் சொன்னாள். "ஆறும்."

பிறகு நிமிர்ந்து ஐயாத்துரையைத் தேடி, ரியூபுக்குக் காற்றடி என்றாள். அவன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, சனத்துக்கு நடுவே சைக்கிள் பம்பை மிதித்துப் பிடித்து அடிக்கத் தொடங்கினான். தேவாரக்காரர் ஒரு தரம் கண்ணை விழித்துப் பார்த்துவிட்டு, பம்பின் வேகத்துக்கே தன் பாட்டை இழுத்துக்கொண்டார்.

*

சுடலைக்குப் போனவர்கள் முழுகிவிட்டு வரும்போது பொழுது சாய்ந்திருந்தது. வீடு கழுவித் துடைத்திருந்தது. கட்டிலை முற்றத்தில் சாத்தியிருந்தார்கள். ஈரச் சீமெந்தில், படத்துக்கு முன்னால் விளக்கு எரிந்தது. ஐயாத்துரை உள்ளே வந்தபோது, அக்கா நிலத்தில் ஒருபக்கமாகச் சரிந்து, வெள்ளை வேட்டிக்குள் தலையை விட்டபடி கிடந்தாள். அவன் பதறிப்போய், தலை சுற்றுகிறதோ, டொக்டரைக் கூட்டி வரட்டோ என்று கேட்டான்.

துணிக்குள் இருந்து குரல் மட்டும் வந்தது. "சத்தம் போடாதை. குனிஞ்சு பார்."

ஐயாத்துரை பெரிய உடம்புக்காரன். முனகிக்கொண்டு கையை ஊன்றி, மெல்லப் படுத்து, தலையை உள்ளே விட்டான். ஆறு வரைக்கும் எண்ணினான். குமிழி மட்டும் ஏறிக்கொண்டிருந்தது.

"ரின் மூடிக்குள்ளை வால் அம்பிட்டு அறுந்து போச்சு, அக்கா" என்றான் அவன் கடைசியில், மிகவும் மெல்ல. "அத்தான் ஏசுவார் எண்டு சொல்லேல்லை."

"அவர் கண்டவர்" என்றாள் சிவனேஸ்வரி.

வாய்க்கரிசி போட்டபோது சேலை மடிப்பில் தங்கிய அரிசி நாலைந்து அவளுடைய கையில் இருந்தது. துணியைக் கொஞ்சம் விலக்கி அதைத் தண்ணீருக்குள் விட்டாள். கப்பிகள் மணந்து பார்த்துவிட்டு விலகின. கெண்டைகளும் விட்டுவிட்டன. அரிசி ஒவ்வொன்றாக மண்ணுக்கு இறங்கியது. ஐந்து அயிரைகள் முதலில் வந்தன. ஆறாவது பின்னால் வந்துகொண்டிருந்தது.