பஸ் ஜன்னலில் தெரிந்தவள்

யுவனேஸ்வரி அந்தக் கேமராவை கூலாய் பட்டணத்தில் ஒரு பழைய சாமான் கடையில் வாங்கினாள். கடைக்காரச் சீனர் அதை நின்றுபோன கைக்கடிகாரங்களோடும் பழைய கால்குலேட்டர்களோடும் கண்ணாடி அலமாரிக்குள் போட்டு வைத்திருந்தார். வெள்ளி நிறம், சோப்புப் பெட்டியைவிடச் சிறியது. பொத்தானை அமுக்கியதும் லென்ஸ் முனகிக்கொண்டே வெளியே நீண்டது. திரையின் ஓரத்தில் ஒரு கறுப்புக் கோடு விழுந்திருந்தது. மற்றபடி பழுதில்லை. அவள் அதைத் தன் சிலுவார் பாக்கெட்டில் போட்டுப் பார்த்தாள். உள்ளே இருப்பது வெளியே தெரியவில்லை. அப்போதே வாங்குவதென்று முடிவு செய்துவிட்டாள்.

அவளிடம் நல்ல போன் இருந்தது. கணவன் ரூபேந்திரன் கல்யாண நாளுக்கு வாங்கிக் கொடுத்தது. கொடுக்கும்போதே அதைத் தன்னுடைய கணக்கில் சேர்த்துக் கொடுத்தான். அவள் எதைப் படம் எடுத்தாலும் அடுத்த நிமிடம் அவன் போனிலும் வந்து நிற்கும். அவன் வேலை செய்வது சிங்கப்பூரில். விடியுமுன் மோட்டார் சைக்கிளில் கிளம்பிப் பாலம் தாண்டுகிறவன், அங்கிருந்தே கேட்பான்.

"அது யாரு வீட்டு கேட்? அங்க எதுக்குப் போன?"

"கடையில உனக்குப் பின்னால நிக்கிற ஆளு யாரு?"

கோபமாகக் கேட்க மாட்டான். சாப்பிட்டாயா என்று கேட்பதுபோல்தான் கேட்பான். எல்லாவற்றுக்கும் அவளிடம் பதில் இருந்தது. ஆனால் பதில் சொல்லிச் சொல்லியே படம் எடுக்கிற ஆசை விட்டுப்போனது. கேமரா கைக்கு வந்ததும் அது திரும்பி வந்தது.

செனாய் தொழிற்பேட்டையில் ஒரு தொழிற்சாலையின் சரக்குப் பிரிவில் அவள் குமாஸ்தா. உள்ளே கேமரா கூடாது. காலையில் வாசல் காவலரிடம் கொடுத்துவிட்டுப் போவாள், சாப்பாட்டு வேளையில் வாங்கிக்கொண்டு வெளியே நடப்பாள். வேலிக் கம்பியில் நேப்பாளத் தொழிலாளர்கள் காயப்போட்டிருந்த காலுறைகளை எடுத்தாள். நாசி லெமாக் பொட்டலம் விற்கும் மலாய்க்கார மக்சிக், இலையை மடிக்கும்போது அவர் விரல்களை மட்டும் எடுத்தாள். எண்ணெய் எடுக்கும் செம்பனைக் குலை ஏற்றிய லாரி வளைவில் திரும்பியபோது கீழே சிதறிய பழங்களை, வீட்டுக் கூரைகளை உரசுவதுபோல் இறங்கும் விமானத்தின் வயிற்றை, பக்கத்து மேசை ஐலீன் வாய் நிறையச் சோற்றோடு சிரித்ததை.

"அலமாக்! பல்லெல்லாம் தெரியுது லா, அழிச்சிடு," என்று ஐலீன் கத்தினாள். திரையில் பார்த்த பிறகு, "இல்ல, வேணாம். இதக் கழுவி எனக்கு ஒண்ணு குடு. இப்படிச் சிரிச்சு ரொம்ப நாளாச்சு," என்றாள்.

யுவனேஸ்வரி தருவதாகச் சொன்னாள். அந்தப் படங்களுக்கு வேறு பிரதி எதுவும் இல்லை. வீட்டில் கணினி கிடையாது, அலுவலகக் கணினியில் வெளிக் கருவி எதையும் செருக விடமாட்டார்கள். எல்லாம் அந்த விரல் நகமளவு கார்டிலேயே கிடந்தன. துணி காயப்போடும்போது, சோறு வேகும்போது, ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்ப்பாள். யாரும் அவளை ஒன்றும் கேட்காத இடம் அந்தச் சின்னத் திரை ஒன்றுதான்.

ஒரு சனிக்கிழமை ரூபேந்திரன் கார் சாவி தேடி அவள் பையைத் திறந்தான். சாவிக்கு முன் கேமரா கைக்கு வந்தது.

"யாரு வாங்கிக் கொடுத்தா?"

"நானேதான் வாங்குனேன்."

"போன் இருக்கும்போது இது எதுக்கு?"

அவன் சோபாவில் உட்கார்ந்து முதல் படத்திலிருந்து பார்க்கத் தொடங்கினான். அவசரப்படவில்லை. சில படங்களைப் பெரிதாக்கி ஓரங்களையும் பார்த்தான். அவன் எதைத் தேடுகிறான் என்று அவளுக்குத் தெரிந்தது. எதிரே நின்று அவன் கட்டைவிரல் நகர்வதையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு ஆண்பிள்ளை முகமும் கிடைக்காமல் கடைசிப் படத்துக்கு வந்தபோது, நிம்மதியைவிட ஏமாற்றம்தான் அவன் முகத்தில் அதிகமாக இருந்ததாக அவளுக்குப் பட்டது.

"வேலி, காலுறை, சாக்கடைத் தண்ணி. இதையெல்லாமா ஒருத்தி போட்டோ எடுப்பா?" என்று சிரித்தான். கேமராவை எழுந்துபோய் ஐஸ்பெட்டியின் மேல் வைத்தான்.

அவன் திட்டியிருந்தால் அவளும் எதிர்த்து ஏதாவது சொல்லியிருப்பாள். சிரித்தவனிடம் என்ன சொல்வது? மறுநாள் அதை எடுத்துப் பைக்குள் வைக்கக் கை போனது. வைத்தால் ஏன் எடுத்தாய் என்று கேட்பான். சில நாள் போகட்டும் என்று விட்டாள். அந்தச் சில நாள்தான் எல்லாவற்றையும் கெடுத்தது.

ரூபேந்திரனின் அக்கா செல்லம் காஹாங்கில் இருந்தாள். அவள் மகள் சாருமதிக்கு ஜொகூர் பாருவில் கல்லூரியில் இடம் கிடைத்திருந்ததால் அங்கே வீட்டில் ஒரு விருந்து வைத்தார்கள். யுவனேஸ்வரி சமையலறையில் அப்பளம் பொரித்துக்கொண்டிருந்தபோது கூடத்திலிருந்து கூச்சல் கேட்டது. எட்டிப் பார்த்தாள். சாருமதியின் கையில் அந்தக் கேமரா இருந்தது. யுவனேஸ்வரிக்குத் தெரியாமல் ரூபேந்திரன் அதைக் கொண்டுவந்து பரிசாகக் கொடுத்திருந்தான்.

"மாமா, இது எங்க கெடச்சது? காலேஜ் பிள்ளைங்க எல்லாம் இப்ப இதத்தான் தேடுறாங்க!" அவள் ஓடிவந்து யுவனேஸ்வரியைக் கட்டிக்கொண்டாள். "தேங்க்ஸ் அத்தை!"

கரண்டியிலிருந்து எண்ணெய் சொட்டியது. கூடத்தில் எல்லாரும் இவளையே பார்த்தார்கள். ரூபேந்திரன் பெரிய மனுஷனாகக் காலை நீட்டி உட்கார்ந்திருந்தான்.

"பத்திரமா வச்சுக்க," என்றாள் யுவனேஸ்வரி.

திரும்பும் வழியில் காரில் கேட்டாள். "உள்ள இருந்த படமெல்லாம்?"

"எந்தப் படம்?"

"நான் எடுத்தது."

"ஓ, அதுவா. அவ அழிச்சிக்குவா," என்றான்.

சாருமதி அழிக்கவில்லை. மூன்று மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, சாப்பாட்டு மேசையில் ரூபேந்திரன் போனை அவள் தட்டுக்குப் பக்கத்தில் நீட்டினான். முகமெல்லாம் பெருமை.

"நம்ம சாரு எடுத்தது. காலேஜ் போட்டியில முதல் பரிசாம். ஹால்ல பெருசாக் கழுவி மாட்டியிருக்காங்களாம். எத்தன பேரு பாராட்டியிருக்காங்க பாரு."

முதல் படத்தில் வேலிக் கம்பியில் காலுறைகள் தொங்கின. அடுத்து மக்சிக்கின் விரல்கள். அதற்கடுத்தது மழை வழியும் பஸ் ஜன்னல், அதற்கப்பால் கலங்கித் தெரியும் செம்பனை வரிசை. படங்களுக்கு மேலே சாருமதி என்று பெயர்.

"இந்தக் கடைசிப் படம்தான் பரிசு வாங்குனது," என்றான் அவன். "மழைய எப்படி எடுத்திருக்கு பாரு. கண்ணாடியில ஒரு பொம்பள முகமும் லேசாத் தெரியுது. அப்படியே சினிமா மாதிரி இருக்கு லா. இந்த வயசுல அதுக்கு என்ன கண்ணு!"

யுவனேஸ்வரி சோற்றிலிருந்து கையை எடுத்தாள். இடது கையால் போனை வாங்கி, இரண்டு விரலால் அந்த முகத்தைப் பெரிதாக்கி, அவன் பக்கம் திருப்பிப் பிடித்தாள்.

"இது யாருன்னு பாருங்க."

அவன் பார்த்தான். கொஞ்ச நேரம் பார்த்தான். நெற்றிப் பொட்டு, முகத்துக்குக் கீழே கையில் பிடித்த வெள்ளிப் பெட்டி, நீலச் சட்டையில் தொழிற்சாலையின் அடையாள அட்டை. எட்டு வருஷமாக ஒரே வீட்டில் இருப்பவன், காலையிலிருந்து இந்தப் படத்தையே எல்லாருக்கும் காட்டிக்கொண்டிருந்தவன், இப்போதுதான் அவளை அடையாளம் கண்டான்.

"நீயா?"

"நாந்தான். எல்லாமே நான் எடுத்தது. நீங்க இங்க உக்காந்து பாத்து சிரிச்சீங்களே, அதே படம்."

அவன் முகம் ஒரு மாதிரி ஆனது. மன்னிப்புக் கேட்பான் என்று ஒரு கணம் நினைத்தாள். அவன் போனை வாங்கிக் கவிழ்த்து வைத்தான்.

"சரி, நீயாவே இருக்கட்டும். இப்ப என்ன? சின்னப் புள்ள, நாலு பேரு பாராட்டுறாங்க. உனக்கு அந்தப் பரிச வச்சு என்ன ஆகப்போகுது? விடு லா."

அவள் விடவில்லை. அன்று மாலையே சாருமதியைக் கூப்பிட்டாள். கோபப்படக் கூடாது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டுதான் பேசினாள். பரிசை நீயே வைத்துக்கொள், படத்தின் கீழே என் அத்தை எடுத்தது என்று ஒரு வரி மட்டும் போடு என்றாள்.

"கேமராவ எனக்குத்தானே கொடுத்தீங்க அத்தை? உள்ள இருந்ததும் சேத்துதானே?" என்று கேட்டாள் சாருமதி. அழப்போகிற குரல்.

"கேமரா உனக்குத்தாம்மா. படம் எடுத்தது நான்."

"இப்ப போய் அப்படிப் போட்டா எல்லாரும் என்னை என்ன நினைப்பாங்க?"

யுவனேஸ்வரி போனை வைத்தாள்.

மறுநாள் விடியுமுன், வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த தம்பியைச் செல்லம் கூப்பிட்டாள். ரூபேந்திரன் போனைக் காதில் வைக்கவே தேவையிருக்கவில்லை, அவ்வளவு சத்தம். "ஒம் பொண்டாட்டி எம் புள்ளயத் திருடின்னு சொல்றாளாமே! ராத்திரி பூரா அழுதுச்சு. ஒரு பழைய ஓட்டைக் கேமராவக் கொடுத்துட்டு இப்ப கணக்குக் கேக்குறாளா?"

சாப்பாட்டு வேளையில் தொழிற்சாலை வாசலில் நின்றபோது சாருமதியிடமிருந்து செய்தி வந்தது. "எல்லாத்தையும் எடுத்துட்டேன் அத்தை. பரிசையும் திருப்பிக் கொடுத்துட்டேன். கார்டையும் துடைச்சிட்டேன், ஒண்ணும் மிச்சமில்ல. இப்ப உங்களுக்குச் சந்தோஷமா?"

யுவனேஸ்வரி அவளுடைய பக்கத்தைத் திறந்து பார்த்தாள். காலுறை இல்லை. விரல்கள் இல்லை. மழையும் இல்லை. அவள் கேட்டது ஒரு வரி. யார் பெயரிலாவது அவை எங்கேயோ இருந்தன. இப்போது அதுவும் போனது.

"என் போட்டோ என்னாச்சு? கழுவித் தரேன்னு சொன்னியே," என்று ஐலீன் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டே கேட்டாள்.

"அழிஞ்சு போச்சு ஐலீன்."

"பரவால்ல லா, இன்னொண்ணு எடுத்தாப் போச்சு," என்றாள் ஐலீன். யுவனேஸ்வரி தலையாட்டினாள்.

தீபாவளிக்குக் காஹாங்குக்குப் போனார்கள். சாருமதி முகம் பார்க்காமல் பலகாரத் தட்டை நீட்டினாள். சாப்பாடு முடிந்து எல்லாரும் வாசலில் படத்துக்கு நின்றபோது செல்லம் அந்தக் கேமராவைக் கொண்டுவந்து யுவனேஸ்வரியின் முன்னால் நீட்டினாள்.

"நீயே எடும்மா. உனக்குத்தான் நல்லா வருமாமே." சிரித்துக்கொண்டே சொன்னாள். இரண்டொரு பேர் சிரித்தார்கள். ரூபேந்திரனும் சிரித்தான்.

யுவனேஸ்வரி கையை நீட்டவில்லை.

"நான் எடுக்கல அண்ணி. நான் எடுத்தா, அது யாரு எடுத்த படம்னு நாளைக்கு மறுபடியும் சண்டை வரும்."

சாருமதி தலை குனிந்தாள். செல்லம் நீட்டிய கையை மடக்கத் தெரியாமல் நின்றாள். கடைசியில் யாரோ தங்கள் போனைத் தூக்கிப் படம் எடுத்தார்கள். அதில் யாருமே சரியாகச் சிரித்திருக்க மாட்டார்கள்.

திரும்பும் வழியில் கார் குளுவாங்கைத் தாண்டியது. சாலையின் இருபுறமும் செம்பனை மட்டும் வந்துகொண்டிருந்தது. ரூபேந்திரன் சாலையிலிருந்து கண்ணெடுக்காமல் சொன்னான்.

"இனிமே எங்க அக்கா வீட்டுக்கு நீ வர வேணாம். நான் மட்டும் போய்க்கிறேன்."

"சரி," என்றாள்.

அவன் திரும்பி அவளைப் பார்த்தான். அழுவாள், கெஞ்சுவாள் என்று எதிர்பார்த்திருப்பான். அவள் இருக்கையைச் சற்றுப் பின்னால் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டாள். அவன் காரை வேகமாக ஓட்டினான்.