தொப்பி எந்தக் கையில்

எங்கள் பேஸ்பால் தொழிலில் மனுஷனுக்குப் போடும் மதிப்பெண் இருபதில் தொடங்கி எண்பதில் முடியும். ஏன் நூறு இல்லை என்று என்னிடம் கேட்காதீர்கள், எந்தப் புண்ணியவான் ஆரம்பித்துவைத்தானோ! எனக்கு நாற்பது. அதாவது பெரிய அணிக்கு நான் போகவே மாட்டேன். ஆனால் போகப்போகிறவன் வீசும் பந்தைப் பிடிக்க ஒருவன் வேண்டுமே, அதற்காக இந்தச் சின்ன அணியில் வைத்திருக்கிறார்கள். பெயர் ஹோபார்ட். அலபாமா வெயிலில் வருஷக்கணக்காகக் குத்துக்காலிட்டு உட்கார்ந்து முட்டி தேய்ந்ததுதான் மிச்சம்.

டெல்மர் ப்ரூவிட்டுக்கு அறுபது போட்டிருந்தார்கள். வலது கைப் பந்துவீச்சாளன். அறுபது போட்டும் இத்தனை நாளாக மேலே போகாததால் எங்கள் நிர்வாகத்துக்கு அவன்மேல் அலுப்பு வந்துவிட்டது. சீசன் முடிந்ததும் கழற்றிவிடுவார்கள் என்பது சட்டை துவைக்கிறவனுக்குக்கூடத் தெரியும். கழற்றிவிட்டால் கோழிக்கறி ஆலைதான். அவன் மாமனார் அங்கே சூப்பர்வைசர். குளிர்காலமெல்லாம் டெல்மர் அங்கே உயிருள்ள கோழிகளைத் தலைகீழாகக் கொக்கியில் மாட்டிக்கொண்டிருப்பான். அந்த நாற்றம் மார்ச் மாதம்வரை அவன்மேல் இருக்கும்.

இந்த நிலையில்தான் வேறொரு பெரிய அணி அவனைக் கேட்டது. வீரர்களை மாற்றிக்கொள்ளும் கெடு மறுநாள் முடிகிறது. ஆளைப் பார்க்க அவர்கள் தரப்பில் ரோவெனா ஸ்டைல்ஸ் வந்திருந்தார். பந்து பிடிக்கிறவன் முதுகுக்குப் பின்னாலுள்ள தடுப்பு வலைக்கு அப்பால் மற்ற அணிகளின் ஆட்கள் எல்லாம் பந்தின் வேகத்தை அளக்கும் கருவியைத் தூக்கிப் பிடித்திருந்தார்கள். அந்த அம்மாள் மடியில் ஒரு பொட்டலம் சூரியகாந்தி விதை மட்டும். சந்தையில் மாடு பார்க்க வந்தவர் மாதிரி கொறித்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தார்.

ஆட்டத்துக்கு முன் மைதானத்து ஓரத்தில் டெல்மர் கையைச் சூடுபடுத்தும்போதே என் கையுறையில் விழுந்த சத்தம் சரியில்லை. எழுந்து போனேன்.

"முழங்கை எப்படிடா இருக்கு?"

"இருக்கு."

"இருக்குன்னா?"

"காலைல பல்லு விளக்க முடியல. போதுமா?"

"பைத்தியமாடா உனக்கு? போய் ஸ்கிப்கிட்ட சொல்லு." ஸ்கிப் என்பது எங்கள் மேனேஜர்.

"சொன்னா அந்தம்மா இப்பவே காரை எடுத்துக்கிட்டுப் போயிரும். ஏப்ரல்ல எடுத்த ஸ்கேன் சுத்தமா இருக்கு, அதை வெச்சுத்தான் பேசிட்டு இருக்காங்க. இன்னிக்கு ஒரு நாள் தாங்கட்டும் மச்சான். அங்க போயிட்டா அவங்க செலவுலயே ஆபரேஷன் பண்ணுவாங்க, காத்திருப்பாங்க. இங்க யாரு காத்திருப்பா?"

"கை போயிடும்டா."

"உனக்கென்ன தெரியும்? உன்னப் பாக்க எவனாவது வந்திருக்கானா?"

சுருக்கென்றது. உண்மை என்பதால் இன்னும் சுருக்கென்றது. முகமூடியை மாட்டினேன்.

அடப்பாவி, என்னமாய் வீசினான் அன்றைக்கு! வேகப்பந்து மணிக்குத் தொண்ணூற்றேழு மைல். அடுத்து எந்தப் பந்து என்று விரலால் சைகை காட்டுவது பிடிக்கிறவன் வேலை. முழங்கையை முறுக்கி வீச வேண்டிய வளைபந்துக்கு மட்டும் நான் சைகை காட்டவே இல்லை. வேறு எதைக் காட்டினாலும் அவன் தலையை ஆட்டி மறுத்து, அதைத்தான் கேட்டு வாங்கினான். பார்க்க வந்தவருக்கு அதைக் காட்டியாக வேண்டுமே. ஒவ்வொரு முறையும் மட்டைக்காரன் காற்றைத்தான் வெட்டினான். ஒவ்வொரு முறையும் டெல்மர் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்று மூச்சு விட்டான்.

நான்காவது சுற்றின் நடுவில், எங்கள் ஆட்கள் உட்காரும் கொட்டகையில் போன் அடித்தது. ஸ்கிப் இரண்டு வார்த்தை பேசிவிட்டு வெளியே வந்து டெல்மரிடமிருந்து பந்தை வாங்கினார். நன்றாக வீசிக்கொண்டிருப்பவனைக் காரணமில்லாமல் நடுவில் எடுத்தால் எங்கள் உலகத்தில் ஒரே அர்த்தம்தான். ஆளைக் கைமாற்றும் பேச்சு முடிந்துவிட்டது, இனி ஒரு பந்துகூட வீசிக் கையைக் கெடுத்துக்கொள்ளாதே என்பது. கொட்டகையில் பையன்கள் குதித்தார்கள். ஜனங்களும் புரிந்துகொண்டு எழுந்து நின்று கைதட்டினார்கள்.

டெல்மர் பந்து வீசும் மேட்டிலிருந்து இறங்கி நடந்தான். பாதி வழியில் நின்றான். இடது கையில் இருந்த கையுறையைக் கழற்றினான். அதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, இடது கையால் தொப்பியைத் தூக்கினான்.

வலது கைக்காரனுக்குக் கையுறை இருப்பது இடது கையில். கைதட்டலுக்கு நன்றியாகத் தொப்பியைத் தூக்குவது காலியாக இருக்கும் வலது கை. இதை யாரும் யோசித்துச் செய்வதில்லை. திரும்பி வலையைப் பார்த்தேன். ரோவெனா அம்மாள் கொறிப்பதை நிறுத்தியிருந்தார்.

கொட்டகையில் அவனைக் கட்டிப்பிடிக்காத ஆள் இல்லை.

"மேல போய் எங்கள மறந்துராதடா!"

"டேய், கோழிங்க எல்லாம் உன்னைத் தேடும்டா!"

டெல்மர் சிரித்தான். வலது கை பக்கத்தில் தொங்கிக்கொண்டே இருந்தது.

அடுத்துவந்த பந்துவீச்சாளன் கையை உதறிக்கொண்டிருந்த நேரத்தில் வலையருகே போனேன். அந்த அம்மாள் அப்போதுதான் போனை மடியில் வைத்தார்.

"ஏம்மா, தொண்ணூத்தேழு போச்சே, பாத்தீங்கல்ல?"

"பாத்தேன். அந்த வளைபந்தை நான் ஆயுசுக்கும் மறக்க மாட்டேன்."

"அப்புறம்?"

"தொப்பி எந்தக் கைல போச்சு தம்பி?"

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு வலையைப் பிய்த்திருப்பேன். "ஒரு நாள் பேசாம இருந்திருக்கலாம்ல? உங்களுக்கு என்ன குறைஞ்சுபோயிரும்?"

"அந்த இடத்துக்கு இன்னொரு பையன் காத்திட்டு இருக்கான். அவன் கை நல்லா இருக்கு," என்றார். குரலில் கோபமே இல்லை. கோபமாகச் சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

கொட்டகையில் போன் மறுபடி அடித்தது. ஸ்கிப் இந்த முறை நிறைய நேரம் கேட்டார், போனை வைத்துவிட்டு டெல்மரைப் பார்த்து இல்லை என்று தலையை ஆட்டினார். வெளியே எடுத்தவனைத் திரும்ப உள்ளே விடவும் விதி இல்லை. ஆட்டம் முடியும்வரை டெல்மர் பெஞ்சின் கோடியில் உட்கார்ந்திருந்தான். சற்றுமுன் கட்டிப்பிடித்தவர்கள் எல்லாம் தண்ணீர் குடிக்கக்கூட அந்தப் பக்கம் போகவில்லை. ஒட்டிக்கொள்ளும் என்று பயப்படுகிற மாதிரி விலகியிருந்தார்கள்.

ஆட்டம் முடிந்ததும் நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"எதுடா காட்டிக் குடுத்துச்சு? வளைபந்தா?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். மனசு வரவில்லை. "தொப்பிடா. இடது கையால தூக்கினே."

அவன் தன் வலது கையைப் பார்த்தான். "ஜனங்க எழுந்து நின்னாங்கடா, ஹோப். என் வாழ்க்கைலயே முதல்முறை. தொப்பியத் தூக்காம எப்படிடா வர்றது?"

நான் அவன் கையுறையை எடுத்து அவன் பையில் வைத்தேன்.

அப்போது அவன் பெண்டாட்டி ஜோலீன் படிகளில் ஓடி வந்தாள். சந்தோஷத்தில் அழுதழுது முகமெல்லாம் மை. இரண்டாவது போன் வந்தது அவளுக்குத் தெரியாது. "அப்பாக்குப் போன் பண்ணிட்டேன்! இந்தக் குளிர்காலத்துக்கு வேற ஆளப் பாத்துக்கங்க, என் புருஷன் வரமாட்டான்னு சொல்லிட்டேன். ஆலை மொத்தமும் சந்தோஷத்துல கத்துது டெல்மர்!"

ஓடிவந்த வேகத்தில் அவன் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். அவன் இடது கையை எடுத்து அவள் முதுகில் வைத்தான். பிறகு அவள் அழுகையை நிறுத்தி, முகத்தை மெல்லப் பின்னால் இழுத்து அவனைப் பார்த்தாள்.

"இன்னொரு கை எங்க?" என்றாள்.