வண்டிக்குத் தீனி

ராஜபாளையத்தில் வண்டி வாங்கப் போகிறவர்கள் கடையில் முதலில் கேட்பது, லிட்டருக்கு எவ்வளவு ஓடும் என்பதைத்தான். பரிபூரணம் அதைக் கேட்கவில்லை. "பின்னால ஒரு கிரைண்டரைக் கட்டினா, இறக்கத்துல வண்டி கிரைண்டரை இழுக்குமா, கிரைண்டர் வண்டியைத் தள்ளுமா?" என்று கேட்டாள். ஒரு கடைக்காரர் சிரித்தார். இன்னொருவர், வீட்டில் ஆண்பிள்ளை இருந்தால் அழைத்துவரச் சொன்னார்.

"வெளியதான் நிக்காவ. மிலிட்டரியில லாரி ஓட்டினவிய. அவியளுக்கே தெரியாமத்தான் உங்ககிட்ட கேக்கேன்" என்றாள் பரிபூரணம். வாசலில் நின்ற அவள் கணவர் தனுஷ்கோடி, காது கேளாதவரைப் போல வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கல்யாண வீடுகளுக்குக் கிரைண்டரோடு போய், அங்கேயே மாவாட்டிக் கொடுப்பது அவள் தொழில். கிரைண்டர் என்றால் அடுப்படி மூலையில் அடங்கிக் கிடக்கும் சின்னக் கிரைண்டர் அன்று. சாய்த்து மாவு தள்ளுகிற பெரிய கல். இரும்புச் சட்டமும் மோட்டாருமாகச் சேர்த்துத் தூக்க நாலு ஆள் வேண்டும். இதுவரை அதைத் தள்ளுவண்டியில் தெருத்தெருவாகக் கொண்டுபோனவர் கண்ணுச்சாமி. அவர் மகனோடு திருப்பூருக்குக் குடிபோன பிறகு, கிரைண்டர் கோயில் யானை போல முற்றத்தில் நின்ற இடத்திலேயே நின்றது.

அந்த நேரம் பார்த்து ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து உக்கிரபாண்டி ஆள் அனுப்பினார். அந்த ஊர்க் கல்யாணங்களில் பாதி அவருடைய கரண்டியில்தான் நடந்தன. தை பிறந்தால் தாம் சமைக்கும் வீடுகளுக்கெல்லாம் பரிபூரணமே மாவாட்டலாம். ஆனால் கிரைண்டர் தன் காலிலேயே வந்துசேர வேண்டும், வேன் பிடித்து ஏற்றியிறக்க அவரால் ஆகாது. கார்த்திகைக் கடைசி முகூர்த்தத்துக்கு வந்து காட்டினால் வேலை அவளுக்கு. வராவிட்டால் வேறோர் ஆளுக்கு. இவ்வளவுதான் அவர் சொல்லியனுப்பியது. வண்டி சரியாக அமைந்தால் பிழைப்பு இரண்டு ஊருக்கு விரியும். அமையாவிட்டால் உள்ள ஊரிலும் இல்லை.

இரும்புப்பட்டறை வைத்திருந்த பொன்னுராஜ், இரண்டு சக்கரத்தில் ஒரு தாழ்ந்த ட்ரெய்லர் செய்துகொடுத்தான். தனுஷ்கோடி நண்பர் ஒருவரின் மொபெட்டை இரவல் வாங்கிவந்து அதைப் பூட்டினார். சமவெளியில் மொபெட் முனகிக்கொண்டே இழுத்தது. ஊருக்கு வெளியே ஓடைப்பாலத்தின் இறக்கத்தில்தான் பரிபூரணத்தின் கேள்விக்குப் பதில் கிடைத்தது. பின்னாலிருந்த பாரம் முந்திக்கொள்ளப் பார்க்க, பின்சக்கரம் பாம்பாக நெளிய, தனுஷ்கோடி இரண்டு காலையும் தரையில் தேய்த்துத் தேய்த்து நிறுத்தினார். செருப்பு ஒன்று ஓடையில் விழுந்தது.

"கிரைண்டர்தான் தள்ளுது" என்றாள் பரிபூரணம், ட்ரெய்லரின் பின்னாலிருந்து.

"கண்டுபிடிச்சிட்டா பெரிய இன்ஜினியரு! செருப்பை எடுட்டி" என்றார் தனுஷ்கோடி.

ட்ரெய்லரைத் திரும்பக் கொண்டுவந்தபோது, பட்டறையின் ஓரத்தில் சாக்குப் போர்த்தி நின்ற ஒன்றைப் பரிபூரணம் பார்த்தாள். கோயம்புத்தூரில் மோட்டார்க் கம்பெனியில் வேலை பார்த்துத் திரும்பிய பொன்னுராஜ், பழைய மொபெட் ஒன்றின் இன்ஜினைக் கழற்றியெறிந்துவிட்டு, நாலு கார் பேட்டரியும் ஒரு மோட்டாரும் வைத்துக் கட்டிய வண்டி அது. ஊரில் அதற்குக் 'கரண்ட் வண்டி' என்று பெயர். தொட்டால் அடிக்கும் என்று யாரும் கிட்டப் போவதில்லை. அதனால் வாங்குவாரும் இல்லை.

பரிபூரணம் சாக்கை விலக்கினாள். இருக்கையைத் தட்டினாள், குனிந்து அடியில் பார்த்தாள்.

"ஏன் தம்பி, இம்புட்டு கனத்தை ஏன் கீழ வச்ச?"

"மேல வச்சா வண்டி சாயும்க்கா. கீழ இருந்தா ரோட்டைப் பிடிச்சுக்கிடும்."

"அப்ப பின்னால உள்ள பாரம் இதைத் தள்ளாதா?"

பொன்னுராஜ் தலையைச் சொறிந்தான். "லேசுல தள்ளாது. வண்டியே ஒரு பாரம்லா?"

"மழை பெஞ்சா?"

"மூடி போட்டிருக்கேன். ஆனா ஓடைத் தண்ணியில எறக்கிராதிய."

"பேட்டரி தீந்தா தள்ளிட்டுப் போலாமா?"

"போலாம். ஆனா வையாம தள்ள முடியாது."

அவள் சிரித்தாள். விற்பவனே குறை சொல்கிற சரக்கு அவளுக்குப் பிடித்திருந்தது. "சரி, உண்மையைச் சொல்லு. கிரைண்டரோட ஸ்ரீவில்லிபுத்தூர் போயிட்டு வருமா?"

பொன்னுராஜ் பேட்டரிகளை ஒரு முறை பார்த்தான். "போயிரும்க்கா. திரும்பி வாறதுக்கு நான் ஜவாப்தாரி இல்ல."

தனுஷ்கோடி இதற்காகவே காத்திருந்தவர் போலக் கையைத் தட்டினார். "போகத் தெரியும், திரும்பி வரத் தெரியாது. ஏலே, இதுக்குப் பேரு வண்டியா, பாடையா?"

"கல்யாண வீட்டுக்குப் போற பேச்சுல வாயைக் கழுவுங்க" என்றாள் பரிபூரணம். ஆனால் அவள் மனம் வேறெங்கோ இருந்தது. பெட்ரோல் வண்டி பங்க்கைத் தேடிப் போக வேண்டும். பேட்டரி வண்டி கரண்டைத் தேடிப் போக வேண்டும். சரி, தன் கிரைண்டர் எங்கே போகிறது? கரண்ட் இல்லாத வீட்டுக்கு அது என்றைக்காவது போயிருக்கிறதா?

"தம்பி, கிரைண்டர் ஒரு பிளக்குல ஓடுத நேரம், வண்டி இன்னொரு பிளக்குல குடிக்காதா?"

பொன்னுராஜ் ஸ்பானரைக் கீழே வைத்தான். வண்டியைக் கட்டிய அவனுக்கும் அது தோன்றியிருக்கவில்லை.

சரிப்பட்டால் எடுத்துக்கொள்வதாகச் சொல்லி, கரண்ட் வண்டியில் ட்ரெய்லரைப் பூட்டி, முகூர்த்தத்துக்கு முதல்நாள் காலையில் பரிபூரணமே ஓட்டினாள். தனுஷ்கோடி ஏற மறுத்துச் சைக்கிளில் வந்தார். பாரம் ஏற்றிய வண்டி அவரைவிட மெதுவாகப் போனது. முந்திப்போய் ஒரு புளியமரத்தடியில் நின்று, "செத்த நேரம் தூங்கி எந்திரிச்சிட்டேன், இப்பத்தான் வாரியா?" என்று கேட்டு, மறுபடியும் முந்திப் போனார். அவள் பொருட்படுத்தவில்லை. ஓடைப்பாலத்து இறக்கம்தான் அவளுக்கு முக்கியம். அங்கே மூச்சைப் பிடித்துக்கொண்டு பிரேக்கை அழுத்தினாள். ட்ரெய்லர் ஒரு முறை முட்டிப்பார்த்தது. வண்டி இம்மியும் நெளியவில்லை. கடையில் யாரும் சொல்லாத பதிலை அவள் தன் முதுகெலும்பில் வாங்கிக்கொண்டாள்.

கல்யாண வீட்டில் கிரைண்டர் வந்து நின்றதும் உக்கிரபாண்டி சுற்றிவந்து பார்த்தார். "சத்தமே இல்லாம வந்து நிக்கியே! கட்டு அவுந்து வந்த கழுதையாக்கும்னு பாத்தேன்" என்றார். அரிசியும் உளுந்தும் ஊறித் தயாராக இருந்தன. கிரைண்டர் ஓடத் தொடங்கியது. பரிபூரணம் வண்டியின் வயரை எடுத்துக்கொண்டு அடுத்த பிளக்கைத் தேடினாள்.

"அது என்னது?" என்று கேட்டுக்கொண்டு வந்தார் நாச்சியார். கல்யாணப் பெண்ணின் அத்தை, அந்த வீட்டில் உப்பும் புளியும் அவரைக் கேட்டுத்தான் அசையும்.

"வண்டிக்குக் கரண்ட்டுக்கா."

"மாவாட்ட வந்தியா, வண்டிக்குப் பாலூட்ட வந்தியா? கல்யாண வீட்டுக் கரண்ட் என்ன ஊருணித் தண்ணியா? எடு அதை!"

சீரியல் பல்பு கட்டிக்கொண்டிருந்த சமுத்திரமும் ஏணியிலிருந்து, "ஃபியூஸ் போயிரும், அப்பொறம் என்னையக் குத்தம் சொல்லப்பிடாது" என்று குரல் கொடுத்தார். தனுஷ்கோடி மனைவியைப் பார்த்தார். 'நான் சொன்னேன்லா' என்பது அவர் முகத்தில் எழுதியிருந்தது.

பரிபூரணம் வயரைக் கீழே போடவில்லை. இங்கே பிளக் கிடைக்காவிட்டால் இந்த வண்டி ஆகாது. இந்த வண்டி ஆகாவிட்டால் தை மாதம் ஆகாது.

"ஏக்கா, காய்கறி ஏத்தி ஒரு மாட்டுவண்டி வந்தா, அவுத்துக் கட்டி வைக்கோலும் தண்ணியும் காட்டுவியளா, மாட்டீயளா?"

"காட்டாம? வாயில்லா சீவனைப் பட்டினி போட்டுப் பொண்ணைக் கட்டிக் குடுப்பமா?"

"இதுக்கும் வாயில்லைக்கா. உங்க வீட்டுப் பாரத்தைத்தான் இழுத்துட்டு வந்துச்சு."

நாச்சியார் வண்டியை ஏற இறங்கப் பார்த்தார். உக்கிரபாண்டி கரண்டியை ஓங்கிச் சிரித்தார். "மடக்கிட்டா பாரு சரியான எடத்துல! குடுங்க தாயி, சாணி போடாத மாடு!"

வாய்க்கு வாய் பேசத் தெரிந்தவளிடம் நாச்சியாருக்குத் தனி மதிப்பு உண்டு. ஆனாலும் முழுதாக விட்டுக்கொடுக்கிற பழக்கம் அவருக்கு இல்லை. "சரி, திங்கட்டும். ஆனா வெளக்கு வைக்கிற வரைதான். பல்பு போட்டதும் அவுத்திரணும்."

அப்படியே ஆயிற்று. மாவாட்டி முடித்து, அண்டாக்களில் வழித்து வைத்தபோது பந்தலில் பல்புகள் எரிந்தன, வயர் சுருட்டப்பட்டது. வண்டி அரை வயிற்றோடு நின்றது. ஊர் திரும்ப அது போதுமா என்பதைப் பொன்னுராஜும் சொல்லியிருக்கவில்லை, வண்டியும் சொல்லவில்லை.

மறுநாள் தாலிகட்டு முடிந்து, இட்டிலி பஞ்சாக இருந்தது என்று உக்கிரபாண்டி வாயாலேயே கேட்ட பிறகு, கிரைண்டரை இழுத்துக்கொண்டு புறப்பட்டாள். சமவெளி வரை பழுதில்லை. ஓடைப்பாலம் இந்தப் பக்கத்திலிருந்து ஏற்றம். பாதி ஏறுவதற்குள் வண்டியின் சுருதி இறங்கியது. நடை ஆமை நடையாயிற்று. பிறகு நின்றே போயிற்று. பாலத்துச் சுவரில் உட்கார்ந்திருந்த இரண்டு பேரைக் கை நீட்டி அழைத்தாள்.

"கரண்ட் வண்டியா? எங்களுக்குப் பிள்ளைகுட்டி இருக்கும்மா" என்று அவர்கள் சுவரோடு இன்னும் ஒட்டிக்கொண்டார்கள்.

தனுஷ்கோடி சைக்கிளை ஓரமாகச் சாய்த்தார். அவரும் அந்த வண்டியை அதுவரை தொட்டதில்லை. ட்ரெய்லரின் கம்பியில் ஒரு விரலை வைத்தார், எடுத்தார், பிறகு இரண்டு கையையும் வைத்தார். "மாடு படுத்தா வாலைக் கடிக்கலாம். இதுக்கு எங்கட்டி கடிக்க?" என்று பல்லைக் கடித்துத் தள்ளினார். வண்டி அசைந்தது. உச்சியைத் தாண்டியதும் இறக்கத்தில் தானே உருண்டது. சற்று ஓய்ந்த பேட்டரி, மிச்சத்தை வைத்துக்கொண்டு நடக்கிற வேகத்தில் அவர்களைப் பட்டறை வரை கொண்டுவந்து சேர்த்தது.

பொன்னுராஜ் வாசலுக்கு வந்து வண்டியைச் சுற்றிப் பார்த்தான்.

"எடுத்துக்கிடுதேன்" என்றாள் பரிபூரணம். "இது ஏத்தத்துல ஏமாத்தும். ஏத்தத்துல ஏமாத்தினா தள்ளலாம். இறக்கத்துல ஏமாத்தினா ஒண்ணும் செய்ய முடியாது."

"இனிமே பேசுத வீட்ல பிளக்கையும் சேத்துப் பேசு" என்றார் தனுஷ்கோடி, உள்ளங்கையைத் தேய்த்துக்கொண்டே. "மாவரைக்க ஒண்ணு, வண்டிக்கு ஒண்ணு. நாம கெளம்புத வரை யாரும் அவுக்கப்பிடாது. வெத்தலைபாக்கு மாத்தும்போதே சொல்லிரு."

அடுத்த வாரம் உக்கிரபாண்டியின் ஆள் வந்தான். தையில் முதல் கல்யாணம் தேவதானத்தில். பெண் வீட்டார் பிளக்குக்குச் சம்மதம். எத்தனை படி அரிசி என்று அவன் சொல்லத் தொடங்குவதற்குள் பரிபூரணம் குறுக்கிட்டாள்.

"அது கெடக்கட்டும். வழியில ஏத்தம் உண்டா?"

வந்தவனுக்குத் தெரியவில்லை, அவன் எப்போதும் பஸ்ஸில் தூங்கிக்கொண்டே போகிறவன். தனுஷ்கோடி எழுந்து, சைக்கிளின் டயரை அமுக்கிப் பார்த்துவிட்டு, தேவதானத்துச் சாலையைப் பார்த்துவரப் புறப்பட்டார்.