குதிரைக்குப் பதில் கடைவாய்ப்பல்

பல்செட்காரர் தினமும் கண் விழிப்பது அடுத்தவர் பற்களின் முகத்தில். கட்டிலுக்கு எதிரே அலமாரி. அதில் காய வைத்த பல்செட்டுகள் வரிசையாக உட்கார்ந்து அவரைப் பார்த்து இளிக்கும். தலையணையில் பிளாஸ்டர் மாவு. போர்வையில் பிளாஸ்டர் மாவு. ஒருநாள் தூக்கத்தில் புரண்டு எழுந்தபோது முதுகில் யாரோ கடித்த மாதிரி இருந்தது. பார்த்தால், நிஜமாகவே ஒரு மேல்வரிசை.

மனைவி பல் டாக்டர். கீழே கிளினிக், மாடியில் வீடு. பட்டறைக்கென்று தனி இடம் கிடையாது என்பதால் படுக்கையறையில் பாதி பட்டறை. அப்படிப்பட்டவருக்குக் கட்டடத்தின் பின்னறை காலியாகிறது என்று தெரிந்ததும் எப்படி இருந்திருக்கும்?

இனித்தது. அரை நாள்.

பிறகுதான் பக்கத்துக் கடைக் கண்ணாடிக்காரன் வந்து நின்றான். டாக்டரின் கூடப்பிறந்த தம்பி.

"மாமா, அந்த ரூமை எனக்கு விட்டுடுங்க. நடைபாதையில வச்சுக் கண்ணு செக் பண்ணி என் பேரே கெட்டுப்போச்சு. நேத்து ஒருத்தர்கிட்ட கடைசி வரியைப் படிங்கன்னேன். 'நீலச் சட்டை, கையில பை'ங்கறார். குறுக்கே போன ஆளைப் படிக்கறார்."

"உனக்காவது பகல்ல கஷ்டம், மச்சான். நான் பல்லோட படுத்து எந்திரிக்கறேன்."

வீட்டுக்காரம்மாள் கறாரான பெண்மணி. "ஞாயித்துக்கிழமைக்குள்ள உங்களுக்குள்ள முடிவு பண்ணுங்க. இல்லேன்னா டிரம்ஸ் சொல்லிக்குடுக்கற ஒருத்தர் நச்சரிச்சுட்டே இருக்கார். அவருக்குக் குடுத்துடுவேன்."

டிரம்ஸ் என்றதும் இரண்டு குடும்பமும் ஒன்றுபோல் வெளிறியது. அன்றைக்கே முடிவானது: ஆட்டத்தில் தீர்த்துக்கொள்வது.

அந்த இரண்டு குடும்பத்துக்கும் வாராவாரம் ஒரு வெறி உண்டு. இரட்டைப் பலகை. நாலு பேர், இரண்டு செஸ் பலகை, இரண்டு இரண்டு பேராகக் கூட்டணி. கூட்டாளிகளில் ஒருவருக்கு வெள்ளை, இன்னொருவருக்குக் கறுப்பு. நான் என் பலகையில் வெட்டுகிற காய் என் கூட்டாளியின் கைக்குப் போகும். அவர் தன் முறை வரும்போது, காயை நகர்த்துவதற்குப் பதிலாக, வந்த காயைக் காலிக் கட்டம் ஒன்றில் இறக்கலாம். ஆளுக்கு ஐந்து நிமிடம். எந்தப் பலகையில் யார் கவிழ்ந்தாலும், யாருக்கு நேரம் தீர்ந்தாலும், அந்தக் கூட்டணியே அவுட்.

இதில் டாக்டர் புலி. பல்செட்காரர் அவசரக் குடுக்கை.

சனிக்கிழமை ஒரு நோயாளியின் வாய்க்குள் பஞ்சை அடைத்துக்கொண்டே டாக்டர் புருஷனுக்குப் பாடம் எடுத்தாள்.

"முதல் விஷயம். ராணியைப் பறிகொடுக்காதீங்க. சாதா செஸ்னா உங்களுக்கு மட்டும்தான் நஷ்டம். இங்க அது நேரா என் எதிராளி கைக்குப் போகும். என் தலையில வந்து இறங்கும்."

"சரிம்மா."

"ரெண்டாவது, குதிரை. குதிரை செக் வச்சா நடுவுல எதையும் நிறுத்தித் தடுக்க முடியாது. அதனால எனக்கு என்ன வேணும்னு கேட்டா, எப்பவும் குதிரை."

"குதிரை."

"ராஜா பக்கத்து மந்திரிக்கு முன்னாடி ஒரு சிப்பாய் நிக்கறான் பாருங்க, அவனைக் காவலில்லாம விடாதீங்க. மொதல் அடி அங்கதான் விழும்."

நோயாளி எதையோ சொல்ல வாயை அசைத்தார். "ஆட்டாதீங்க," என்று அவரை அடக்கிவிட்டுத் தொடர்ந்தாள்.

"கடைசியா, முக்கியமானது. நகர்த்தினா செத்துடுவோம்னு தெரிஞ்சா, நகர்த்தாதீங்க. கையைக் கட்டிட்டு உட்காருங்க. நேரம் ஓடட்டும். நான் எதையாவது வெட்டி அனுப்பற வரைக்கும் உட்காருங்க."

"சும்மாவா?"

"சும்மாதான். வீட்ல மட்டும் நல்லா வருதே."

பஞ்சு நிறைந்த வாயோடு நோயாளி சிரிக்க முயன்று புரையேறிக்கொண்டார்.

ஞாயிறு மத்தியானம். கிளினிக். கருவித் தட்டு வைக்கும் தள்ளுமேஜை இரண்டு, அவற்றின்மேல் இரண்டு பலகை. வீட்டுக்காரம்மாள் நடுவர். பின்னறைச் சாவி அவள் சுண்டுவிரலில் தொங்கியது.

ஒரு நாற்காலி குறைந்தது. கண்ணாடிக்காரன் யோசிக்கவே இல்லை. நோயாளி நாற்காலியில் ஏறிச் சாய்ந்துகொண்டான்.

"டேய், உனக்குத்தான் அந்த நாற்காலின்னாலே ஆகாதே," என்றாள் அக்கா.

"அது நீ படிக்கறப்போ என் வாயை வச்சுப் பழகின காலம். இப்போ நான் கல்யாணம் ஆனவன்."

"அதனால தைரியம் வந்துடுச்சாக்கும்," என்றாள் அவன் மனைவி, காய்களை அடுக்கியபடி. அடுக்கியவள் நிறுத்தினாள். "அண்ணி, கறுப்புல ஒரு குதிரையைக் காணோம்."

பல்செட்காரர் பெருமையாகப் பையில் கைவிட்டார். பிளாஸ்டரில் அவரே செய்த கடைவாய்ப்பல், மூன்று வேரோடு, ஷூ பாலிஷ் பூசிக் கறுப்பாக.

டாக்டருக்கு முகம் சுருங்கியது. "இப்படி ஒரு பல்லு என் கிளினிக்ல. யாராவது பார்த்தா என்ன நினைப்பாங்க?"

"குதிரைன்னு நினைப்பாங்க."

ஆட்டம் ஆரம்பித்தது.

பல்செட்காரர் கறுப்பு, எதிரே மச்சான் வெள்ளை. பக்கத்துப் பலகையில் டாக்டர் வெள்ளை, எதிரே தம்பி மனைவி கறுப்பு. கடிகாரங்கள் டப் டப்பென்று அடிவாங்கின. தம்பி மனைவிக்குக் கடையில் லென்ஸ் மாற்றி மாற்றிக் கேட்ட வாய். அதை இங்கேயும் மூடவில்லை.

"ஏங்க, யானை வேணுமா, சிப்பாய் வேணுமா? இதுவா, அதுவா? இப்போ?"

"எதையாவது குடுடி."

"எதையாவதுன்னு சொன்னா எப்படி? தெளிவா சொல்லுங்க. இதுவா, அதுவா?"

கண்ணாடிக்காரனுக்கு வேறொரு பிரச்சினை. நாற்காலியின் பொத்தான்கள் அவனைக் கூப்பிட்டன. அமுக்கினால் ஏறியது. ஏறியதும் பலகை எட்டவில்லை. இறக்கினான். தலை பின்னால் சாய்ந்து கூரை தெரிந்தது. மறுபடி நிமிர்த்தினான். அத்தனை நேரமும் அவன் கடிகாரம் நேரத்தைத் தின்றுகொண்டிருந்தது. அவன் கவலைப்படவில்லை. ஆட்டம் அவன் கையில்தான் இருந்தது.

காரணம், பல்செட்காரர் அந்தச் சிப்பாயைக் காவலில்லாமல் விட்டுவிட்டார். எந்தச் சிப்பாய் என்று வேறு சொல்ல வேண்டுமா?

படபடவென்று நாலு நகர்த்தல். மச்சானின் ராணி நீளக் கோட்டின் மறு கோடியில் வந்து உட்கார்ந்தாள்.

"செக், மாமா."

ராஜாவுக்கு ஓட இடமில்லை. ராணியை வெட்ட ஆளில்லை. நடுவில் நிறுத்தக் கையில் ஒரு காயும் இல்லை. பல்செட்காரரின் நெற்றியில் வேர்வை, வேர்வையில் மாவு.

"உட்காருங்க," என்றாள் மனைவி, தன் பலகையிலிருந்து தலை தூக்காமல்.

உட்கார்ந்தார். கையைக் கட்டினார். கை நிற்கவில்லை. இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்தார்.

"என்ன மாமா, தியானமா?"

"காத்தோட்டமா இருக்கு, மச்சான்."

"இன்னும் கொஞ்ச நேரம்தான் இருக்கு உங்க கடிகாரத்துல. ரூம்ல கண்ணு செக் பண்ற எழுத்துப் பலகையை எந்தச் சுவர்ல மாட்டலாம், சொல்லுங்க."

பிறகு மனைவி பக்கம் திரும்பி, "எதையும் குடுத்துடாதே, பத்திரமா ஆடு," என்றான்.

"பத்திரமாதான் ஆடறேன். குதிரை மட்டும் வெளிய நிக்குது. உள்ள வைக்கவா, வெளிய வைக்கவா?"

கேட்டு முடிப்பதற்குள் டாக்டரின் ராணி பாய்ந்து அந்தக் குதிரையை அடித்தாள். கறுப்புக் கடைவாய்ப்பல்.

தம்பி மனைவி அலறாத குறையாக டாக்டரின் ராணியை வெட்டிப் புருஷன் கையில் திணித்தாள். "பிடிங்க. இனி அவங்களால முடியாது."

முடியும். அந்தப் பல் பல்செட்காரர் கைக்குப் போனால் போதும்.

ஆனால் டாக்டர் கொடுக்கவில்லை. மேஜையில் அதை நிறுத்திப் பார்த்தாள். மூன்று வேரில் ஒன்று நீளம். ஆடியது.

"குடும்மா," என்றார் பல்செட்காரர்.

"ஆடுதுங்க."

"ஆடினா ஆடட்டும்."

"ஆடுற பல்லை நான் இதுவரைக்கும் யார்கிட்டயும் குடுத்து அனுப்பினதில்லை."

அவர் கடிகாரங்களைப் பார்த்தார். தன் கடிகாரம், மனைவியின் கடிகாரம், இரண்டும் ஓடுகின்றன. பின்னறை கதவைச் சாத்திக்கொண்டு போகிறது. டாக்டரோ நாற்காலிக் கையிலிருந்து டிரில்லை உருவினாள். கால் மிதியை அமுக்கியது.

ஙீஈஈஈ.

கண்ணாடிக்காரனின் காதுக்கு ஒரு சாண் தூரத்தில்.

கல்யாணம் ஆனவன் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டான். கண் மட்டும் உருண்டது.

நீள வேரின் நுனி பொடியாகியது. டாக்டர் ஊதினாள், நிறுத்திப் பார்த்தாள், புருஷன் கையில் வைத்தாள். டிரில் மேஜைமேல் கிடந்து கத்திக்கொண்டே இருந்தது.

பல்செட்காரர் பல்லை ராஜாவுக்கு முன்னால் இறக்கினார். செக் நின்றது. கடிகாரத்தை அடித்தார்.

இப்போது மச்சானின் முறை. அவன் கைக்குள் புது ராணி. சும்மா இறக்கினால் போதும், ஆட்டம் முடிந்தது. குழந்தைகூட இறக்கிவிடும்.

"இறக்குங்க," என்றாள் மனைவி. "இந்தக் கட்டமா, அந்தக் கட்டமா? ஏங்க, இப்போ?"

அவன் தலையை மட்டும் ஆட்டினான். ராணி உள்ளங்கைக்கும் உதட்டுக்கும் நடுவில் இருந்தாள். கையை எடுத்தால் வாய் திறக்கும். வாய் திறந்தால் அந்தச் சத்தம் உள்ளே வரும்.

"கையை எடுங்க."

"ம்ஹூம்."

நாற்காலி விளையாட்டில் தின்றதுபோக அவனுக்கு மிச்சமிருந்த நேரம் சொட்டுச் சொட்டாகத் தீர்ந்தது. கடிகாரத்தில் நேரம் முடிந்ததைக் காட்டும் கொடி விழுந்தது.

டிரில் நின்றது.

முதலில் வாயைத் திறந்தவன் கண்ணாடிக்காரன்தான். "அழுகுணி ஆட்டம். கொடி விழுந்ததும் நிக்குது பாருங்க சத்தம்."

"கால் மிதியில இருந்தது மறந்துபோச்சு," என்றாள் அக்கா.

"மறந்தியா?"

"ஆட்டத்துல மும்முரமா இருந்தேன்டா."

வீட்டுக்காரம்மாள் யோசித்தாள். "அடுத்தவங்க பலகையில கை வைக்கக் கூடாது. சத்தம் போடலாம். இதுதானே நீங்க வச்ச சட்டம்? உன் பொண்டாட்டி ஆரம்பத்துலேர்ந்து நிறுத்தவே இல்லையேப்பா. அதைவிட டிரில் எவ்வளவோ தேவலை."

"அண்ணி, இவங்க என்னைச் சொல்றாங்களா, டிரில்லைச் சொல்றாங்களா?" என்றாள் தம்பி மனைவி.

சாவி கை மாறியது.

சாயங்காலமே அலமாரி இறங்கியது. தோற்றவன் ஒரு முனை பிடிக்க வேண்டும் என்பது டாக்டரின் உத்தரவு. மாடிப்படியில் பல்செட்காரர் முன்னால், மச்சான் பின்னால், நடுவில் கடகடவென்று எல்லாப் பற்களும்.

"மாமா, ஒண்ணு கேக்கவா? ரூம் நீளமாதானே இருக்கு. மத்தியானம் நீங்க சாப்பிடப் போற நேரத்துல, ஒரு ஓரமா என் எழுத்துப் பலகையை…"

பல்செட்காரர் படியில் நின்றார். தொடைக்கு அடியில் வைத்திருந்த கைகள் இன்னும் மரத்துப்போய்தான் இருந்தன. அவசரமாகச் சரியென்று சொல்ல வாயெடுத்தார்.

"உட்காருங்க," என்று மேலேயிருந்து மனைவியின் குரல்.

பல்செட்காரர் அலமாரியைப் படியில் இறக்கி வைத்தார். பக்கத்தில் உட்கார்ந்தார்.

மச்சான் காத்திருந்தான். மூச்சு வாங்கியது. "சரி மாமா, வாரத்துல ரெண்டு நாள்?"

பல்செட்காரர் கையைக் கட்டிக்கொண்டார்.

"ஒரு நாள். அதுவும் ரூமை நானே பெருக்கிக் குடுத்துடறேன். பிளாஸ்டரோட சேர்த்து."

"தூக்கு மச்சான்," என்றார் பல்செட்காரர்.