மூன்றாவது வாக்கு

1991ஆம் ஆண்டு டிசம்பர் 25, நத்தார் தினத்தன்று, மத்தியானத்துக்குச் சற்றுப் பின்பு, ரொறன்ரோ டோர்செட் பார்க் மாடிக் கட்டிடமொன்றின் ஒன்பதாம் தட்டில் தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருந்த இராசரத்தினம் இரண்டாகப் பிரிந்தார். அந்நேரம் மொஸ்கோவில் செங்கொடியை இறக்கிக்கொண்டிருந்தார்கள். மனைவி ஜெயமலர் தேத்தண்ணீர் போடக் குசினிக்குள் போனபோது சோபாவில் ஒருவர்தான் இருந்தார். கோப்பையோடு திரும்பியபோது யன்னல் பக்கத்து மூலையில் ஒருவரும் கதவுப் பக்கத்து மூலையில் இன்னொருவரும் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். இருவருக்கும் ஒரே மீசை, ஒரே பச்சை ஸ்வெட்டர். ஜெயமலர் மாறி மாறிப் பார்த்தார். கையிலிருந்த கோப்பையைக் கிட்ட இருந்தவரிடம் நீட்டிவிட்டு, இன்னொன்று போடப் போனார்.

இராசரத்தினத்தின் அரசியலை அறிந்தவர்கள் இதைப் பெரிய விசயமாக எடுக்கவில்லை. எழுபதுகளில் யாழ்ப்பாணத்தில் அவர் தொடங்கிய உழைப்பாளர் செம்முன்னணியில் முதலில் ஒரு பஸ் நிறைய ஆட்கள் இருந்தார்கள். சாதி பார்த்து எல்லோரையும் உள்ளே விடாத தேநீர்க்கடைகளுக்குள் கூட்டமாகப் போய், வாங்கில் அமர்ந்து, கண்ணாடிக் குவளையில்தான் தேநீர் வேண்டும் என்று அடம்பிடித்த கட்சி அது. அப்படியொரு கடை வாசலில்தான் ஜெயமலர் அவரை முதன்முதலில் பார்த்தார். பிறகு கட்சி மொஸ்கோ பக்கம், பீக்கிங் பக்கம் என்று பிரிந்தது. பீக்கிங் பக்கம் அல்பேனியாவைப் பற்றிய கேள்வியில் பிரிந்தது. அல்பேனியப் பக்கம், அல்பேனியா எங்கே இருக்கிறதென்று ஒருவர் கேட்டதில் பிரிந்தது. ஒவ்வொரு பிரிவுக்கும் ஓர் அறிக்கை, ஒரு சுவரொட்டி, ஒரே சுவரில் ஒன்றின்மேல் ஒன்றாக. இராசரத்தினம் அகதியாக ரொறன்ரோவில் இறங்கியபோது முழுக் கட்சியும் ஒரே ஜக்கெட்டுக்குள் அடங்கிவிட்டது. பிரிவதற்கு வேறு ஆள் இல்லாத நிலையில் கட்சி தலைவரையே பிரித்தது.

யன்னல் பக்கத்தவர் கொடி இறங்கியது துரோகத்தால் என்றார். புரட்சி மல்வேர்ன் பஸ்சைப்போலச் சற்றுப் பிந்தினாலும் வந்தே தீரும் என்பது அவர் நிலைப்பாடு. கதவுப் பக்கத்தவர் நாங்களும் பிழை விட்டோம் என்றார். முதலில் கட்டிடத்தில் உடைந்து கிடக்கும் உடுப்புத் தோய்க்கும் மெஷினைத் திருத்தவைப்போம், மிச்சத்தைப் பிறகு பார்ப்போம் என்பது அவருடையது. பிளாஸ்டிக் ஃபக்டரியில் பகல் ஷிப்டுக்கு ஒருவரும் இரவு ஷிப்டுக்கு மற்றவரும் ஒரே வரவு அட்டையைக் கொண்டு போனார்கள். களைப்பே அறியாத மனிதர் என்று முதலாளி கேடயம் கொடுத்தார். மகள் பிரதீபா பள்ளிக்கூடத்தில் தனக்கு இரண்டு அப்பா என்று சொன்னபோது ஆசிரியை மிகவும் அனுசரணையாக நடந்துகொண்டார். வீட்டின் மற்ற ஏற்பாடுகளைப் பற்றி ஜெயமலரிடம் கேட்க எவருக்கும் துணிவு வரவில்லை. ஞாயிறுதோறும் மத்திய குழு கூடியது. எந்தத் தீர்மானமானாலும் ஒன்றுக்கு ஒன்று என்று சமமாகிக் கிடப்பில் போனது. கட்சி கடைசியாக எடுத்த முடிவு எதுவென்று இருவருக்குமே நினைவில்லாத அளவுக்கு வருடங்கள் ஓடின. இருவருக்கும் முடி நரைத்தது. கதவுப் பக்கத்தவருக்கு மட்டும் கொஞ்சம் முன்னதாக.

சென்ற வருடம் கட்டிடத்தைப் புதிய கொம்பனி ஒன்று வாங்கியது. பழைய வாடகையில் நெடுங்காலமாக இருப்பவர்களைக் கிளப்பினால் புதியவர்களிடம் இரட்டிப்பாக வாங்கலாம் என்பது அதற்குத் தெரிந்திருந்தது. ஒருவரை நாய் வளர்த்ததற்காகவும் இன்னொருவரைப் பல்கனியில் வாழை வளர்த்ததற்காகவும் அது வாடகைத் தீர்ப்பாயத்துக்கு இழுத்தது. கட்டிட முகாமையாளர் றெபேக்கா, நல்ல பிள்ளை, கொம்பனி சொன்னதைச் செய்கிறவள், ஒருநாள் கதவைத் தட்டி, ஒப்பந்தத்தில் இருவர் பெயர்தான் இருக்கிறது, வீட்டில் மூன்று பேர் இருக்கிறீர்கள் என்றாள். மூன்றாமவர் வெளியேறாவிட்டால் எல்லோரும் வெளியேற வேண்டும். தீர்ப்பாயத்தின் விசாரணை அழைப்பையும் கையில் கொடுத்தாள். இன்றைய விலைவாசியில் அந்த வீட்டை விட்டால் இரண்டு பென்சன்காரர்களுக்கு நகரத்தில் ஒரு கோழிக்கூடுகூடக் கிடையாது. ஜெயமலர் மகளுக்குப் போன் எடுத்தார். பிரதீபாவைப் பெற்றுக் கொண்டுவந்த வீடு அது; மூன்று பேரும் சேர்ந்திருக்க அவருக்கு வேறு இடமில்லை.

தான் குடியிருக்கும் யூனியன்வில்லில் இருந்து பிரதீபா ஓடி வந்தாள். "அப்பா, ஜஸ்ட் ஒரே ஆள் எண்டு சொல்லுங்கோ. பேப்பர்ஸ் எல்லாத்திலயும் ஒரு பேர், ஒரு பேர்த்டே. இட்ஸ் ஸோ சிம்பிள்," என்றாள்.

அன்று பின்னேரமே மத்திய குழு கூடியது. கதவுப் பக்கத்தவர், தந்திரோபாய ரீதியில் நாங்கள் ஒருவரே என்று சொல்லலாம் எனப் பிரேரித்தார். யன்னல் பக்கத்தவர் எழுந்தே விட்டார். பொலிஸ் அடித்தபோதும் கொள்கையை மறைக்காதவர், இப்போது ஒரு வீட்டுக்காகத் தானும் அந்தத் திருத்தல்வாதியும் ஒன்று என்று சொல்வதா? ஒன்றுக்கு ஒன்று. விசாரணைக்கு இன்னும் ஒரு கிழமைதான் இருந்தது.

குசினி வாசலில் நின்ற ஜெயமலர் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். "நான் கட்சியிலை சேரப்போறன்," என்றார்.

சோபாவின் இரு மூலைகளும் அவர் பக்கம் திரும்பின. சேலை மடிப்புக்குள் சுவரொட்டிகளை வைத்துப் பொலிஸ் காவலரணைத் தாண்டியவர் ஜெயமலர். கூட்டங்களுக்கு அவித்துக் கொட்டியவர். அவரை உறுப்பினராக்க வேண்டும் என்று அரை நூற்றாண்டாக எந்தப் பிரிவுக்கும் தோன்றவில்லை. இரண்டு இராசரத்தினங்களும் ஒரே நேரத்தில் வெட்கப்பட்டு, ஒரே நேரத்தில் கையை உயர்த்தினார்கள். பிரிந்ததற்குப் பிறகு ஏகமனதாக நிறைவேறிய முதல் தீர்மானம் அதுதான்.

"இப்ப வாக்கெடுப்பு," என்றார் கதவுப் பக்கத்தவர், வெற்றி கையில் என்ற நினைப்பில். "மலர், நீர் என்ன சொல்லுறீர்?"

"எதிர்," என்றார் ஜெயமலர்.

பிரதீபா தலையில் கை வைத்தாள். யன்னல் பக்கத்தவருக்கே விளங்கவில்லை. ஜெயமலர் சோபாவின் நடுவில், இருவருக்கும் இடையில், உட்கார்ந்தார். "ஒருத்தரா இருக்கேக்கை உங்களிலை பாதிதான் எனக்குக் கிடைச்சது. கோவம் வந்தால் யோசனை இல்லை, யோசிச்சால் சத்தமில்லை. இப்ப எனக்குச் சண்டை பிடிக்க ஒராளும் இருக்கிறார், பிள்ளைக்குக் காய்ச்சல் எண்டால் முழிச்சிருக்க ஒராளும் இருந்தவர். ரெண்டு பேரும் எனக்கு வேணும். ஒராள் இல்லை எண்டு நான் வாயாலை சொல்லமாட்டன். வீடு போனால் மூண்டு பேருமாப் போவம்."

கதவுப் பக்கத்தவர் மூக்கைச் சிந்தினார். பிரேரணை இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கில் தோற்றது. தோற்றவர் கட்சிக் கட்டுப்பாட்டுக்குப் பணிந்தார். முன்னர் தோற்றவர்கள் எவரும் செய்யாத காரியம் அது.

விசாரணை கம்பியூட்டர் திரையில் நடந்தது. மூவரும் சோபாவில் நெருங்கி அமர்ந்து, தாங்கள் மூவர் என்று சத்தியம் செய்தார்கள். யன்னல் பக்கத்தவர் கருத்து வேறுபாடுகளை 1974இல் இருந்து விளக்கத் தொடங்கினார். நடுவர் பெண்மணி அவருடைய ஒலியை நிறுத்தவேண்டியதாயிற்று. பிறகு கொம்பனியின் சட்டத்தரணியிடம், இராசரத்தினம் இருவர் என்பதற்கு ஆவணம் உண்டா என்று கேட்டார். சட்டத்தரணி கடதாசிகளைக் கிளறினார். ஒரே பெயர், ஒரே பிறந்த திகதி, ஒரே குடியுரிமை, ஒரே பென்சன். பிளாஸ்டிக் ஃபக்டரியின் கேடயம்கூட ஒன்றுதான். சாட்சிகளின் நேர்மையில் தனக்கு ஐயமில்லை, ஆனால் வாடகைச் சட்டம் ஆட்களை ஆவணப்படிதான் எண்ணும், எனவே திரு. இராசரத்தினம் ஒருவரே, அவர் மனைவியோடு அங்கேயே இருக்கலாம் என்று நடுவர் தீர்ப்பளித்தார். ஒன்பதாம் தட்டு முழுக்கக் கைதட்டியது. வாழை வளர்த்தவர் ஒரு சீப்பு கொண்டுவந்து கொடுத்தார்.

யன்னல் பக்கத்தவருக்கு மட்டும் பொறுக்கவில்லை. கட்சியின் பிளவையே அரசு மறுத்துவிட்டது, மேன்முறையீடு செய்ய வேண்டும் என்று அவர் கொண்டுவந்த பிரேரணையும் இரண்டுக்கு ஒன்றாகத் தோற்றது. அவர் ஒரு மணித்தியாலம் கோபமாக இருந்தார். பிறகு வாழைப்பழம் சாப்பிட்டார்.

மாசி மாதம் கட்டிடத்தின் முன்வாசல் பூட்டை மாற்றினார்கள். றெபேக்கா ஒவ்வொரு வீடாகப் புதுச் சாவி கொண்டுவந்தாள். ஒன்பதாம் தட்டில் ஜெயமலர் கையை நீட்டியபோது, இரண்டு பேருக்கு என்று கொம்பனியின் பதிவுகளில் இருந்த வீட்டுக்கு, அவள் மூன்று சாவிகளை எண்ணி வைத்தாள். இரண்டுதானே தரவேண்டும் என்று ஜெயமலர் அரைகுறை ஆங்கிலத்தில் கேட்டார். ஆளுக்கு ஒன்று என்று சொல்லிவிட்டு றெபேக்கா அடுத்த கதவைத் தட்டப் போனாள்.